பலாலிக்கு வந்த நாலு எஞ்சின் பொம்மர்கள்

அன்பின் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. இளையவளுக்குக் கலியாணம் பொருந்திவிட்டது என்று வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மாப்பிள்ளை பகுதி மானிப்பாய் என்றால் தனக்குத் தூரத்துச் சொந்தமாக இருக்கும் என்று மனைவி சொல்கிறாள், ஆறுதலாக விசாரித்து எழுதுகிறேன். இங்கே கனடாவில் எல்லோரும் சுகம். எனக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து இப்போது தடியில்லாமல் நடக்கிறேன். பனியும் கரைந்துவிட்டதால் வெளியே போய்வர முடிகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் பலாலிக்கு வந்ததாக மாமா சொன்ன பெரிய பிளேன்கள் என்ன வகை, அவை பிறகு என்ன ஆயின என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். இது கனகாலமாக என் மனதில் கிடக்கிற விஷயம். அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள் மச்சான்.

நாலு எஞ்சின், வாலில் முட்டை வடிவத்தில் இரண்டு தகடு, தரையில் நிற்கும்போது மூக்குக்குக் கீழே ஒரு சில்லு என்று மாமா சொன்ன மூன்று அடையாளமும் அப்படியே பொருந்துகின்றன. அவை அமெரிக்காவில் செய்த பி-24 லிபரேற்றர் என்ற குண்டுவீச்சு விமானங்கள். பிரிட்டிஷ் விமானப்படையின் 160ஆம் ஸ்குவாட்றன் அவற்றை வைத்திருந்தது. முதலில் இரத்மலானை, பிறகு சிகிரியா, 1944இன் பிற்பகுதியில் காங்கேசன்துறை, அதாவது நம் பலாலி, பிறகு மின்னேரியா. நீர்மூழ்கிகளைத் தேடுவது, சுமாத்திராக் கரையைப் படம் பிடிப்பது, யப்பானியர் பாவித்த துறைமுகங்களின் வாயிலில் கண்ணிவெடி போடுவது எல்லாம் அவற்றின் வேலை. 1945 மார்ச்சில் மின்னேரியாவிலிருந்து சிங்கப்பூர் வரை போய்க் கண்ணிவெடி போட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். போய்வர 5,000 கிலோமீற்றருக்கும் மேல், 20 மணி நேரத்துக்கும் மேலான பறப்பு. கீழே முழுக்கக் கடல். அந்தக் காலத்துக் கருவிகளோடு இரவில் இதைச் செய்தவர்களில் பலர் இருபது வயதைக் கொஞ்சம் தாண்டிய பெடியன்கள்.

அவை என்ன ஆயின என்பதுதான் பெரிய கதை. லிபரேற்றர்கள் 18,000க்கும் மேல் செய்யப்பட்டன. டிற்றோயிற்றுக்குப் பக்கத்தில் வில்லோ றன் என்ற இடத்தில் ஃபோர்ட் கொம்பனி கட்டிய தொழிற்சாலையில் உச்சக்கட்டத்தில் ஏறக்குறைய மணிக்கு ஒன்று வெளியே வந்தது. அவ்வளவு வேகத்தில் செய்ததை அதைவிட வேகமாக அழித்தார்கள். அரிசோனாவில் கிங்மன் என்ற பாலைவனத் தளத்தில் 5,000க்கும் மேற்பட்ட விமானங்களைக் கொண்டுபோய் நிறுத்தி, துண்டாக வெட்டி, உலையில் போட்டு அலுமினியக் கட்டிகளாக ஊற்றினார்கள். தொழிற்சாலையிலிருந்து நேரே அங்கே போனவையும் அதற்குள் இருந்தன.

நம் பக்கத்தில் நடந்தது வேறு. பிரிட்டிஷாரிடம் இருந்த லிபரேற்றர்கள் அமெரிக்கா இரவலாகக் கொடுத்தவை. யுத்தம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இனிப் பறக்காதபடி அழித்துவிட வேண்டும். இந்தியாவில் மிஞ்சியவற்றைக் கான்பூரில் கூட்டிவைத்து, எஞ்சினுக்குள் மண் போட்டும், உடலை இடித்தும், சிலவற்றைப் பாரந்தூக்கியால் உயர்த்திக் கீழே போட்டும் கெடுத்தார்கள் என்று சொல்வார்கள். அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். 1948இல் சுதந்திர இந்தியாவுக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது, வாங்கப் பணம் இல்லை. பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் கான்பூருக்குப் போய் அந்தக் குவியலைப் பார்த்தார்கள். ஒன்றின் இறக்கை, இன்னொன்றின் எஞ்சின், மூன்றாவதின் வால் என்று பொறுக்கிச் சேர்த்து, பெங்களூர் வரைக்கும் பறந்தால் போதும் என்ற அளவுக்குத் திருத்தி, அங்கே கொண்டுபோய் முழுவதையும் கழற்றிச் செய்தார்கள். இப்படி நாற்பதுக்கும் கிட்ட உயிர்ப்பித்தார்கள். அந்த வருஷம் நவம்பரிலேயே 5ஆம் ஸ்குவாட்றன் அவற்றோடு தொடங்கிவிட்டது. பிறகு கடல் ரோந்துக்கும் போட்டு, கடைசியாக 1968 முடிவில்தான் ஓய்வு கொடுத்தார்கள். உலகத்தில் வேறெங்கும் லிபரேற்றர் படையில் இல்லாமல் போய்க் கனகாலம் ஆன பிறகு!

அப்போதுதான் அருங்காட்சியகங்கள் விழித்துக்கொண்டன. இன்றைக்கு உலகத்தில் முழுதாக மிஞ்சியிருக்கும் லிபரேற்றர்களை எண்ணிப் பார்த்தால் பாதிக்குக் கிட்ட இந்தியா திரும்பப் பறக்கவைத்தவை. டெல்லியில் பாலம் என்ற இடத்தில் ஒன்று இருக்கிறது. லண்டனில் இருக்கும் பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஒன்றை 1974இல் இந்திய விமானப்படை அன்பளிப்பாகக் கொடுத்தது. அரிசோனாவில் ரூசொன் நகரத்துக்கு ஒன்று பறந்து போனது. இவற்றை உருக்கிய அதே அரிசோனாவுக்குத்தான். இங்கே ஒட்டாவாவுக்கு 1968இல் ஒன்று வந்தது. பதிலுக்குக் கனடா ஒரு லைசாண்டர் விமானத்தை இந்தியாவுக்குக் கொடுத்தது.

அந்த ஒட்டாவா விமானத்தை மகனோடு போய்ப் பார்த்தேன். வயிற்றின் பக்கம் குனிந்து பார், குண்டறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்காது. நம்மூர்க் கடைகளின் சுருட்டுக் கதவு மாதிரி, வளைந்த தகடு மேலே சுருண்டு உடலின் பக்கவாட்டில் ஏறிக்கொள்ளும். உள்ளே முன்னுக்கும் பின்னுக்கும் போக ஒரே வழி, இரண்டு பக்கமும் குண்டு தொங்க நடுவில் ஓடும் ஒரு சாண் அகலப் பலகை. கனத்த உடுப்போடும் பிராணவாயுக் குழாயோடும் அந்த இருட்டில் அதன் மேல் எப்படி நடந்தார்களோ. கான்பூர், பெங்களூர் ஆட்கள் தட்டி நிமிர்த்திய தகடு எது, ஃபோர்டில் அடித்த தகடு எது என்று கண்டுபிடிக்கலாமோ என்று ஆணி வரிசைகளைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றேன். மகன் அலுத்துப்போய்க் கோப்பி குடிக்கப் போய்விட்டான்.

ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தொடர் எண் உண்டு. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கே பிறந்தது, யார் ஓட்டினார்கள், எந்த இரவில் எங்கே விழுந்தது என்று ஒரு மனிதரின் வாழ்க்கையைப் போலவே தொடரலாம். தொடரத் தொடர ஒன்று விளங்குகிறது: அதிகம் உழைத்தது மிஞ்சியது என்று ஒரு விதியும் இல்லை. எல்.வி. 907 என்ற ஹலிஃபக்ஸ் வகைப் பிரிட்டிஷ் பொம்மர், 'வெள்ளிக்கிழமை 13ஆம் திகதி' என்று பெயர் எழுதிக்கொண்டு 128 தாக்குதல்களுக்குப் போய் ஒவ்வொரு முறையும் திரும்பியது. அதை யோர்க்கில் வெட்டிப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். ஸ்ரேர்லிங் என்ற வகையில் 2,000க்கும் மேல் செய்தார்கள், இன்று முழுதாக ஒன்றுகூட இல்லை. லண்டனில் இருக்கும் ஆர் 5868 என்ற லங்காஸ்ரர் பொம்மர் தப்பியது அதிஷ்டம். அதன் மூக்கில் 130க்கும் மேற்பட்ட குண்டுக் குறிகளோடு, எதிரி விமானம் எதுவும் ஜெர்மனிக்கு மேல் பறக்காது என்று ஹிட்லரின் விமானப்படைத் தலைவன் கோரிங் சொன்ன வாக்கியத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஹமில்டனில் ஒரு லங்காஸ்ரர் இன்னும் பறக்கிறது. உலகத்தில் பறக்கும் நிலையில் இருப்பவை இரண்டே இரண்டு, மற்றது இங்கிலாந்தில். எஃப்.எம். 213 என்பது இதன் எண். மோல்ரனில் 1945இல் செய்தது. மோல்ரன் என்றால் எது என்று நினைக்கிறாய்? நாங்கள் எல்லோரும் பெட்டியோடு வந்து இறங்கிய ரொறன்ரோ விமான நிலையம் இருக்கிற இடம்தான். யுத்தத்துக்கு அது பிந்திப்போனது. பிறகு கடல் ரோந்தும், ஆட்களைத் தேடி மீட்கும் வேலையும் செய்து, 1963இல் ஓய்வு பெற்று, கோடரிச் என்ற சின்ன ஊரில் தூண்களின் மேல் மழையிலும் பனியிலும் நின்றது. 1977இல் வாங்கிப் பதினொரு வருஷம் பாடுபட்டு, 1988இல் திரும்பப் பறக்க வைத்தார்கள்.

அதற்கு இப்போது பூசியிருப்பது இன்னொரு லங்காஸ்ரரின் நிறமும் எழுத்தும்: கே.பி. 726. 1944 ஜூன் 12ஆம் திகதி இரவு பிரான்சில் காம்ப்ரே ரயில் நிலையத்துக்குப் போன அந்த விமானத்தை ஜெர்மன் விமானம் ஒன்று சுட்டது. இடப்பக்க எஞ்சின்கள் இரண்டும் போய், தீப்பிடித்துவிட்டது. எல்லோரும் குதிக்கும்படி கட்டளை. அன்று மினார்ஸ்கி என்ற வினிப்பெக் பெடியன் மேல் துப்பாக்கிக் கூண்டில் இருந்தான். குதிக்கப் போகும்போது வால் துப்பாக்கிக் கூண்டில் பற் புறோஃபி என்ற சகா சிக்கிக்கொண்டதைக் கண்டான். தீக்குள்ளால் தவழ்ந்து போய்க் கோடரியால் கூண்டைத் திருப்பப் பார்த்தான், கடைசியில் வெறுங்கையால் இழுத்தான், அசையவில்லை. புறோஃபி கையைக் காட்டிப் போகச் சொன்னான். மினார்ஸ்கி பின்னுக்கே நகர்ந்து, உடுப்பு எரிய எரிய, நிமிர்ந்து நின்று சல்யூற் அடித்துவிட்டுக் குதித்தான். பரசூட்டும் எரிந்தது. தீக்காயத்தால் இறந்தான். விமானம் நிலத்தில் மோதியபோது வால் கூண்டு உடைந்து, புறோஃபி வெளியே தூக்கி எறியப்பட்டு உயிரோடு எழும்பினான். மினார்ஸ்கியைத் தவிர மற்ற ஆறு பேரும் பிழைத்தார்கள். அவன் செய்ததை உலகத்துக்குச் சொன்னதே புறோஃபிதான். 1946இல் மினார்ஸ்கிக்கு பிரிட்டிஷ் அரசின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்ரோறியா சிலுவை கொடுத்தார்கள்.

ஹமில்டனில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபோது அந்த நாலு மேர்லின் எஞ்சினையும் ஒவ்வொன்றாக உதைத்துக் கிளப்பினார்கள். வெள்ளைப் புகை, எண்ணெய் மணம், பிறகு தரையே அதிரும் அந்த முழக்கம். பக்கத்தில் நின்ற வயதான வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். என் கால் என்னைக் கேட்காமலே குழி தேடியது மச்சான். உனக்கு நான் விளக்கத் தேவையில்லை. நீயும் நானும் பொம்மரைக் கீழே இருந்து பார்த்தவர்கள். சகடை என்று நாங்கள் சொன்ன குண்டுபோடும் பிளேன் வட்டமடிக்கத் தொடங்கினால் உன் அம்மா பங்கருக்குள் எல்லோரையும் தள்ளிவிட்டுக் கந்தசஷ்டி கவசம் சொல்லுவாவே, அது இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் இந்த விமானங்களை நான் ஒருபக்கமாகப் பார்க்க முடியாது. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறக்குறைய 125,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். அவர்களில் பத்தாயிரம் பேரளவில் கனடாப் பெடியன்கள். 1943 ஜூலையில் அதே பெடியன்கள் ஹம்பேர்க்கில் மூட்டிய தீயில் 35,000க்கும் மேற்பட்ட சனம் நிலவறைகளில் வெந்தும் மூச்சடங்கியும் செத்தது. 1945 பெப்ரவரியில் ட்ரெஸ்டனில் 25,000 பேர் வரை. இரண்டு கணக்கையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை, அது எந்தப் பக்கத்தவராக இருந்தாலும்.

லண்டன் கிறீன் பார்க்கில் 2012இல் திறந்த குண்டுவீச்சுப் படை நினைவகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்.டபிள்யு. 682 என்ற ஹலிஃபக்ஸ் 1944 மே மாதம் பெல்ஜியத்தில் சுடப்பட்டு ஒரு சதுப்புக்குள் அமிழ்ந்துபோனது. 1997இல் தோண்டியபோது அதற்குள் மூன்று பேரின் உடல் எச்சங்கள் இருந்தன. குடும்பத்தவர்கள் வர, மரியாதையோடு அங்கேயே அடக்கம் செய்தார்கள். அதிலிருந்து உருக்கி எடுத்த அலுமினியமும் அந்த நினைவகத்தின் கூரைக்குள் போயிருக்கிறது. அதே கட்டடத்தில், 1939 முதல் 1945 வரை குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூர்வதாகவும் எழுதியிருக்கிறார்கள். அந்த வரிக்காகவே அந்தக் கட்டடத்தின் மேல் எனக்கு மரியாதை.

ஒட்டாவா விமானம் பலாலியில் இறங்கியது என்று நான் சொல்லவரவில்லை, அதே வகை, அவ்வளவுதான். 160ஆம் ஸ்குவாட்றன் 1946இல் இங்கிலாந்துக்குத் திரும்பி, இலக்கமும் மாறி, லங்காஸ்ரர் எடுத்துக்கொண்டது. மாமாவுக்கு வேறு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டு எழுதிவை. ஓடுபாதைக்கு யாருடைய தோட்டக் காணிகள் போயின, கூலி எவ்வளவு கொடுத்தார்கள், வெள்ளைக்காரப் பெடியன்கள் ஊருக்குள் வந்தார்களா, போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்களா? இதெல்லாம் எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காது. அவர் சொல்வதைப் போனில் பதிவுசெய்து அனுப்பினாலும் சரி, நான் இங்கிருந்து எழுதி எடுக்கிறேன்.

அப்புறம், உன் பேரன் பிளேன் மொடல் செய்கிறான் என்று எழுதியிருந்தாய். கலியாணத்துக்கு வரும்போது ஒரு பெட்டி கொண்டுவருகிறேன். லங்காஸ்ரர் என்றால் இங்கே கடையில் சுலபமாகக் கிடைக்கும், லிபரேற்றர் என்றால் கொஞ்சம் தேட வேண்டும். எது வேண்டும் என்று அவனையே கேட்டு எழுதிவிடு. பசையும் மையும் பிளேனில் கொண்டுவர விடமாட்டார்கள், அதை அங்கே யாழ்ப்பாணம் டவுணில் வாங்கிக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
தேவன்