நம்ம வெண்புள்ளி குரூப் அட்மின்களுக்கு: "சாப்டாச்சா" போஸ்ட்ட தூக்கிடாதீங்க

அட்மின் அண்ணனுங்களுக்கும் அக்காவுக்கும் வணக்கம். குரூப்ல இருக்குற எல்லாருக்கும் சேத்துதான் எழுதுறேன். குரூப் பேர வேணும்னேதான் சொல்லல, இது வெளிய எல்லாரும் படிக்கிற மாதிரி போடுறேன், நம்மள்ல நிறைய பேரு வீட்டுக்கே தெரியாம உள்ள இருக்கோம்ல.

போன வாரம் நீங்க போட்ட அறிவிப்ப நாலஞ்சு தடவ படிச்சேன். இனிமே மருந்து, டாக்டர், சிகிச்சை பத்தின போஸ்ட் மட்டும்தான் அப்ரூவ் ஆகும், குட்மார்னிங், சாப்டாச்சா, எங்க வீட்ல இன்னிக்கு கருவாட்டுக் குழம்பு, இந்த மாதிரி சொந்த பேச்சுக்கெல்லாம் இடம் கிடையாது, குரூப் தரமா இருக்கணும்னு எழுதிருந்தீங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும் ஓட்டெடுப்பும் வச்சிருக்கீங்க. உங்க சிரமம் எனக்கு புரியாம இல்ல. வேலைக்கும் போயிட்டு ராத்திரி உக்காந்து அத்தன போஸ்டையும் பாத்து பாத்து விடுறது லேசுப்பட்ட காரியம் இல்ல, அதுக்கு யாரும் உங்களுக்கு ஒத்த ரூபா தர்றதும் இல்ல. ஆனா அந்த கருவாட்டுக் குழம்பு போஸ்ட் இருக்கே, அதுதான் நான் இந்த குரூப்புல இருக்குறதுக்கு காரணமே. அத எடுத்து சொல்லத்தான் இந்த மடல்.

எனக்கு 11 வயசுல உதட்டோரம் தோலு வெளுத்து மொத புள்ளி வந்துச்சு. மிளகு அளவு. பாட்டி தேமல்னு சொல்லி பூவரசங்காய் பால் தடவுனாங்க. ஆறு மாசத்துல விரல் முட்டி, கணுக்கால், அப்புறம் பாவாடை நாடா கட்டுற எடம் சுத்தி இடுப்புல ஒரு பட்டையா வந்துருச்சு. ஒரே எடத்துல உரசிட்டே இருந்தாலோ காயம் பட்டாலோ அங்க புதுசா வெளுக்கும்னு பல வருஷம் கழிச்சு டாக்டர் சொல்லித்தான் தெரியும். ஒட்டுப் பொட்டு பசையால நெத்தி வெளுத்தவங்க நம்ம குரூப்லயே இருக்காங்க. நம்ம ஒடம்போட எதிர்ப்பு சக்தியே நிறம் குடுக்குற செல்ல எதிரின்னு நெனச்சு அழிச்சிடுது, அவ்ளோதான் விஷயம், தொட்டா ஒட்டாது, தட்டுல சேந்து சாப்ட்டா ஒட்டாது. இத நீங்க நூறு தடவ எழுதிட்டீங்க, நான் திருப்பி சொல்லல. ஆனா அன்னிக்கு எங்க வீட்ல யாருக்கும் தெரியாதே. பள்ளிக்கூடத்துல என்ன கடைசி பெஞ்சுல தனியா உக்கார வச்சாங்க. வீட்ல பாலு, தயிர், மீன், கருவாடு, புளி எல்லாத்தையும் நிறுத்துனாங்க. ஒரு மருந்து தடவி வெயில்ல நிக்க சொன்னாங்க, அஞ்சு நிமிஷம் நிக்க வேண்டியவ புள்ளி சீக்கிரம் போகட்டும்னு அரை மணி நேரம் நின்னு விரல் முட்டியெல்லாம் கொப்புளம் கட்டி சோறு பெசைய முடியாம பத்து நாள் அம்மா ஊட்டி விட்டாங்க.

அதுக்கப்புறம் இருபது வருஷம் நான் முழுக்கை சட்டதான். கரூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில கணக்கு பாக்குறேன், பில்லு நீட்டும்போது கூட எடது கைய டேபிளுக்கு கீழ வச்சிக்குவேன்.

2019ல ஒரு ராத்திரி பதினொன்னரைக்கு இந்த குரூப்ல மொத மொதல்ல என் கை போட்டோ போட்டேன். மூஞ்சி இல்ல, வெறும் எடது கை, பச்ச பெட்ஷீட் மேல வச்சு டியூப்லைட் வெளிச்சத்துல எடுத்தது. "இது குறையுமா?"ன்னு ஒத்த வரி. போட்டுட்டு போன கவுத்து வச்சிட்டேன், டெலீட் பண்ணிடலாமான்னு கை பதறுது. பத்து நிமிஷம் கழிச்சு பாத்தா ராமநாதபுரம் பக்கத்து அக்கா ஒருத்தங்க பதில் போட்ருக்காங்க. ஆறுதல் இல்ல, மருந்து பேரு இல்ல. அவங்க கைய போட்டோ எடுத்து போட்ருக்காங்க, விரல்ல மஞ்சக்கறையோட, இப்பதான் மீன் கழுவிட்டு வந்தேன்னு எழுதி. அதுக்கு கீழ இன்னொருத்தர் கை. ஒரு காலேஜ் தம்பி கை, வாட்சுக்கு அடில வட்டமா வெள்ள. ஒரு அம்மா அவங்க கையயும் பக்கத்துல வச்சிருந்த பேத்தி கையயும் போட்ருந்தாங்க, பாட்டி கைல வெண்புள்ளி, பேத்தி கைல மருதாணி. ஒரு மணி வரைக்கும் கையா வந்துட்டே இருந்துச்சு. நான் கேட்ட கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லல, எனக்கும் அது வேணும்னு தோணல. ஒவ்வொரு கையயும் பெருசாக்கி பெருசாக்கி பாத்துட்டே இருந்தேன், அந்த கைங்கள்ல ஒன்னு கூட எனக்கு அசிங்கமா தெரியல. அப்போ என் கையும் அப்டித்தானேன்னு அன்னிக்குதான் மொதல்ல தோணுச்சு.

அடுத்த நாள் அந்த அக்கா இன்பாக்ஸ்ல வந்து கேட்ட மொத கேள்வி, "சாப்டியா?" வேற ஒன்னும் கேக்கல. இன்னிக்கு வரைக்கும் நாங்க பேசுறது முக்கால்வாசி மீன் வெல, அவங்க மாமியாரு மூட்டுவலி, என் ஆடிட்டு டென்ஷன், இவ்ளோதான். புள்ளி பத்தி பேசி மாசக்கணக்கு ஆகும். எனக்கு தெரிஞ்சு ஏத்துக்கிறதுன்னா அதுதான். வெளிய என்ன பாக்குறவங்க யாரா இருந்தாலும் மொதல்ல என் தோலப் பாத்துட்டு அப்புறம்தான் என்னப் பாக்குறாங்க, பரிதாபப்பட்டாலும் சரி வைத்தியம் சொன்னாலும் சரி. நம்ம குரூப்லதான் அந்த விஷயம் எல்லாருக்கும் இருக்கு, அதனால யாரும் அதப் பாக்குறது இல்ல, நேரா வீட்டுக்கு வந்து திண்ணைல உக்காந்த மாதிரி பேச ஆரம்பிச்சிடுறாங்க. அந்த திண்ணைப் பேச்சத்தான் இப்ப நீங்க நிறுத்தப் போறீங்க.

மத்த எடத்துல இது கெடைக்காதான்னு கேப்பீங்க. இன்ஸ்டாவால வாழ்க்க மாறுனவங்க இருக்காங்க, நான் இல்லன்னு சொல்லல. கனடா பொண்ணு வின்னி ஹார்லோவ, அமெரிக்கால மாடலிங் ஷோ நடத்துன டைரா பேங்க்ஸ் இன்ஸ்டாகிராம்ல பாத்துதான் 2014ல அந்த ஷோவுக்கு கூப்ட்டாங்க, இன்னிக்கு வெண்புள்ளியோட உலகம் பூரா ஃபேஷன் மேடைல நடக்குது அந்த பொண்ணு. அதப் பாத்துதான் நம்ம புள்ளைங்க பல பேரு ஃபில்டர் இல்லாம ஃபோட்டோ போட ஆரம்பிச்சாங்க, எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம். நானும் 2021ல ஒரு ரீல் போட்டேன். கீழ வந்த கமெண்ட்ல பாதி "நீங்க ரொம்ப தைரியசாலி சிஸ்டர்." நல்ல மனசுலதான் சொன்னாங்க, தெரியும். ஆனா நான் மல்லிப்பூ எப்டி நெருக்கமா கட்டுறதுன்னு காட்டிருந்தேன், அதுல என்ன தைரியம் இருக்கு? மீதி கமெண்ட்டு, ஒட்டுமான்னு கேள்வி, பாவத்தோட பலன்னு ஒருத்தர், மெசேஜ் ரெக்வஸ்ட்ல அசிங்கமா நாலு பேரு. ரெண்டு நாள்ல ரீல எடுத்துட்டேன். எடுத்துட்டு எங்க வந்து அழுதேன்? இங்கதான். அன்னிக்கு யாரும் என்ன தைரியசாலின்னு சொல்லல, அந்த காலேஜ் தம்பி மட்டும் "அக்கா அந்த பூ கட்டுற வீடியோவ இங்க போடுங்க, எங்கம்மா கேக்குறாங்க"ன்னான். புது ரூல் அன்னிக்கு இருந்திருந்தா அந்த வீடியோ இங்கயும் வந்திருக்காது.

இன்னொன்னு, கோவமாவே கேக்குறேன். சொந்த பேச்ச நிறுத்திட்டு மருந்து போஸ்ட்ட மட்டும் விட்டா இந்த எடம் என்னாகும்னு யோசிச்சீங்களா? மருந்து விக்கிறவன் சந்தையாகிடும். இப்பவே இன்பாக்ஸ்ல "90 நாள்ல உத்தரவாதம்"னு வர்றான், முன்னாடி பின்னாடின்னு ரெண்டு ஃபோட்டோ, ரெண்டாவது ஃபோட்டோல லைட்டு மட்டும்தான் மாறிருக்கு. நானே அப்டி ஒருத்தர நம்பி 8,500 ரூபா அனுப்பி மூனு டப்பா பவுடர் வாங்கி வயிறு எரிஞ்சதுதான் மிச்சம், கேட்டா பிளாக் பண்ணிட்டாரு. 1954லயே மருந்து மாய விளம்பரத்துக்கு எதிரா ஒரு சட்டம் வந்துச்சு, இந்தெந்த நோய குணமாக்குறேன்னு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு அதுல ஒரு பட்டியலே இருக்கு, நம்ம வெண்புள்ளி அந்த பட்டியல்ல இருக்கு. அப்போ அவங்க போடுற விளம்பரமே குத்தம். அதத் தூக்குங்க அண்ணா, அதுக்கு ஓட்டெடுப்பே தேவையில்ல.

சிகிச்சை வேணாம்னு சொல்ற ஆளு நான் இல்ல. நானே தோல் டாக்டர்ட்ட போயி வாரத்துக்கு ரெண்டு நாள் லைட் ட்ரீட்மென்ட் எடுத்தவதான், மூஞ்சில நல்லா நிறம் திரும்புச்சு, விரல் நுனில வரவே இல்ல. 2022 ஜூலைல அமெரிக்கால ருக்சோலிட்டினிப்னு ஒரு கிரீம வெண்புள்ளிக்கு தடவ அனுமதி குடுத்தாங்கல்ல, அந்த செய்திய யாரோ இங்க போட்டப்ப நானும்தான் ஆசையா படிச்சேன். அதெல்லாம் கட்டாயம் வரட்டும். ஆனா எல்லா போஸ்டும் குறையுமா, போகுமா, மறையுமான்னே இருந்தா புதுசா வர்ற புள்ளைக்கு என்ன தோணும்? இது போனாதான் நமக்கு வாழ்க்கன்னு தோணாதா? விரல் நுனில நிறம் திரும்பாத என்ன மாதிரி ஆளுங்க எங்க போறது?

பேருக்காகவே எவ்ளோ பாடுபட்டிருக்காங்க பாருங்க. "வெண்குஷ்டம்"ங்கிற பேர எடுத்துட்டு "வெண்புள்ளி"ன்னு சொல்லணும்னு தமிழ்நாடு அரசே 2010ல ஆணை போட்டுச்சு. குஷ்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனாலும் அந்த ஒத்த வார்த்தையால எத்தன கல்யாணம் நின்னுச்சு. எங்க அத்த இப்பவும் பழைய வார்த்தையத்தான் சொல்றாங்க. குரூப்லதான் எல்லாரும் சாதாரணமா "புள்ளி"ன்னு சொல்றோம், ஒடம்புல மச்சம் இருக்குங்கிற மாதிரி.

திருச்சி பக்கத்துல முக்கொம்புல நாம சந்திச்சது ஞாபகம் இருக்கா உங்களுக்கு? 2022 ஜூன் 25, சனிக்கிழமை. மைக்கேல் ஜாக்சன் எறந்த நாள்னு அந்த தேதிய உலக வெண்புள்ளி தினமா வச்சிருக்காங்க, அவருக்கும் இது இருந்துச்சு, 1993ல ஓப்ரா வின்ஃப்ரே எடுத்த டிவி பேட்டில அவரே சொன்னாரு. அந்த நாள்ல நேர்ல பாப்போம்னு யாரோ சும்மா பேச்சுவாக்குல எழுதப்போயி ஒம்போது பேரு கெளம்பி வந்தோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நான் எறங்குனப்ப யார எப்டி கண்டுபிடிக்கிறதுன்னு பயம், மூனு வருஷமா கையத்தானே பாத்திருக்கோம். டீக்கட ஓரத்துல ஒரு அம்மா டம்ளர் புடிச்சிருந்த கைய பாத்து கண்டுபிடிச்சேன், ராமநாதபுரத்து அக்கா. முக்கொம்புல மரத்தடில உக்காந்து அவங்கவங்க டப்பாவ தொறந்தா, அந்த அக்கா தூக்குல தயிர்சாதம் கொண்டாந்திருந்தாங்க, மாங்கா ஊறுகாயோட. சேலத்துலருந்து வந்த அண்ணன் தூக்கையே பாத்துட்டு இருந்தாரு, அவரு 14 வருஷமா தயிர் தொட்டதில்லையாம், வெள்ளையா இருக்குறத சாப்ட்டா பரவும்னு யாரோ சொன்னதால. அக்கா ஒன்னும் வெளக்கம் சொல்லல, ஒரு உருண்ட உருட்டி அவரு உள்ளங்கைல வச்சாங்க. அவரு அத வாயில போட்டுட்டு கண்ண மூடிக்கிட்டாரு, கண்ணுலருந்து தண்ணியா ஊத்துது. அப்புறம் ரெண்டாவது உருண்டைக்கு கைய நீட்டுனாரு. அந்த தூக்குலயே ஒம்போது பேரும் சாப்ட்டோம். எனக்கு 11 வயசுக்கப்புறம் அடுத்தவங்க தூக்குல கை வச்சு சாப்ட்டது அன்னிக்குதான்.

அது எந்த போஸ்டுலருந்து ஆரம்பிச்சுது? மருந்து போஸ்டுலருந்தா?

எல்லா ஒறவும் இப்டி நல்லா முடிஞ்சுதுன்னு சொல்லல. குரூப்லயே பழகி பேசி முடிச்ச ஒரு கல்யாணம் பையன் வீட்ல "ரெண்டு பேருக்குமே இருந்தா புள்ளைக்கும் வந்துரும்"னு சொல்லி நின்னு போச்சு, ரெண்டு பேருமே இப்ப குரூப்ல இல்ல. அந்த பொண்ண நெனச்சா எனக்கு இன்னும் வலிக்குது, கெளம்பும்போது ஒருத்தரும் கூப்ட்டு பேசலையேன்னு.

அதனால கேக்குறேன். தொந்தரவா இருந்தா குட்மார்னிங் படத்த வேணா நிறுத்துங்க, அதுக்கு நானே ஓட்டு போடுறேன். பேச்ச நிறுத்தாதீங்க. வேல அதிகமா இருந்தா ராத்திரி பத்து மணிக்கு மேல வர்ற போஸ்ட்ட நான் பாத்துத் தர்றேன், ராமநாதபுரத்து அக்காவும் சரின்னு சொல்லிட்டாங்க. சின்ன புள்ளைங்க மூஞ்சி தெரியுற ஃபோட்டோ வந்தா மட்டும் பெத்தவங்கள்ட்ட ஒரு வார்த்த சொல்லி எடுக்க வைப்போம், அது எங்கங்க போகும்னு நமக்கு தெரியாது.

நேத்து ராத்திரி காலேஜ் படிக்கிற பொண்ணு ஒன்னு எனக்கு இன்பாக்ஸ்ல வந்துச்சு. "அக்கா, என் போஸ்ட் நாலு நாளா அப்ரூவ் ஆகல, எதாவது தப்பா எழுதிட்டேனா?"ன்னு. என்ன எழுதுனன்னு கேட்டேன், அப்டியே காப்பி பண்ணி அனுப்புச்சு. "இன்னிக்கு மொத தடவ அரைக்கை சுடிதார் போட்டுட்டு காலேஜ் போனேன். பஸ்ல ஒரு பாட்டி உத்து உத்து பாத்தாங்க, அப்புறம் தள்ளி உக்காந்து எடம் குடுத்தாங்க. யார்ட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு." கீழ கை போட்டோ. அதுல மருந்து பேரு ஒன்னும் இல்ல அண்ணா, அப்ரூவ் பண்ணுங்க. நாங்க எல்லாரும் கைய வச்சிட்டு காத்துட்டு இருக்கோம்.