நாணலுக்கு மருந்தடிப்பதை நிறுத்துங்கள்

பெஸ்தாரி ஜெயா சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்ட நிர்வாகிகளுக்கும், நகராண்மைக் கழகத்தாருக்கும், வடிகால் நீர்ப்பாசன இலாகா அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பத்தாங் பெர்ஜுந்தை என்று பழைய பெயரிலேயே பலர் இன்னும் அழைக்கும் இந்த ஊரைச் சுற்றி, தோட்ட வாய்க்கால்களிலும் ஆற்றோரத்திலும் நாணல் ஆளுயரத்துக்கு மேல் மண்டிக் கிடக்கிறது. மலாய்க்காரர்கள் அதைக் கெடாபோங் என்பார்கள். உங்கள் கணக்கில் அது களை. வாய்க்காலை அடைக்கிறது, பாம்பு அடைய இடம் கொடுக்கிறது என்று மருந்தடித்துக் கருக்குகிறீர்கள். அந்தத் தண்டிலிருந்து மக்கும் உறிஞ்சுகுழல் செய்யலாம். செய்முறை கடினமானதல்ல. தடையாக நிற்பது ஒன்றுதான்: எந்த வாய்க்காலில் எப்போது மருந்து விழுந்தது என்று வெட்டப் போகிறவருக்குத் தெரியாது. சில இடங்களை அளந்து குறித்து, அங்கே மட்டும் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்தித் தாருங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழியை ஒழிக்க மலேசிய அரசாங்கம் 2018இல் வெளியிட்ட திட்டம் 2030ஐ இலக்காக வைத்திருக்கிறது. கூட்டரசுப் பிரதேசங்களில் 2020 ஜனவரியிலிருந்தே சாப்பாட்டுக் கடைகள் நெகிழிக் குழல் தரக் கூடாது. கடைக்காரர்கள் மாற்றாக எடுப்பது பெரும்பாலும் காகிதக் குழல். எலுமிச்சை பிழிந்த குளிர்தேநீரான தே ஓ ஐஸ் லிமாவில் கொஞ்ச நேரம் கிடந்தாலே அது வாயில் கூழாகிவிடுகிறது. சோளமாவிலிருந்து வரும் பிஎல்ஏ குழல், 60 டிகிரியை ஒட்டிச் சூடேறும் ஆலை உரக்குவியலில்தான் ஒழுங்காக மக்கும். வாய்க்காலில் விழுந்தால் நெகிழிபோலவே நெடுநாள் கிடக்கும். நாணல் குழலைக் காய்கறிக் குப்பையோடு வீட்டுக் குழியில் போட்டாலே போதும்.

எந்தப் புல் என்பதில் குழப்பம் வேண்டாம். லாலாங் எங்கும் கிடைக்கிறதே, அதில் செய்யக் கூடாதா என்று கேட்பார்கள். கூடாது. லாலாங்கின் தண்டு மெலிந்தது, துளை இல்லாதது. மாட்டுக்குப் போடும் நேப்பியர் தண்டு பருமனாக இருந்தாலும் உள்ளே பஞ்சுபோன்ற சோறு நிறைந்திருக்கும். தெப்ராவும் அப்படித்தான், தூரத்தில் பார்த்தால் நாணலைப் போலவே தெரியும். வெட்டிப் பாருங்கள்: கணுவுக்குக் கணு நடுவே வெறும் துளையும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய சுவரும் இருந்தால் அது நாணல், தாவர நூல்கள் பிராக்மைட்டிஸ் கார்கா என்று சொல்வது.

இந்தச் செடியின் குணத்தை உங்கள் பொறியாளர்கள் அறிவார்கள். புத்ராஜெயா ஏரிக்கு வரும் நீரைச் சுத்திகரிக்க அமைத்த ஈரநிலத்தில் நட்ட செடிகளில் இந்த நாணலும் ஒன்று. நீரிலிருக்கும் சத்தையும் அழுக்கையும் அது இழுத்துக்கொள்ளும் என்பதால்தான் நட்டார்கள். அங்கே நன்மையான அதே குணம் உறிஞ்சுகுழலில் ஆபத்தாகிவிடும். 2023இல் பெல்ஜியத்தின் அண்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 39 வகைக் குழல்களைச் சோதித்தார்கள். எளிதில் சிதையாத பிஎஃப்ஏஎஸ் இரசாயனங்கள் காகிதக் குழல்களில் 20க்கு 18 வகையில் இருந்தன. மூங்கில் குழல்களிலும் 5க்கு 4 வகையில் இருந்தன. செடி வளர்ந்த மண்ணிலிருந்தும் அவை வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இயற்கைப் பொருள் என்று சொல்வதே பாதுகாப்புக்குச் சான்றாகிவிடாது.

இதனால் இங்கே இரண்டு விதமான இடங்களை அடியோடு ஒதுக்க வேண்டும். ஒன்று, ஈயம் (டின்) தோண்டிய பழைய குட்டைகள். நாணல் அங்கே செழித்து நிற்கும், வெட்டவும் வசதி. ஆனால் ஈயம் தோண்டிக் கழித்த மண்ணில் ஆர்செனிக், காரீயம் போன்றவை தங்கியிருக்கக்கூடும். பெரும்பகுதி வேரிலேயே நின்றுவிடும் என்றாலும், தண்டுக்கு ஏறுவது எவ்வளவு என்று சோதிக்காமல் வாயில் வைக்க முடியாது. மற்றொன்று, மருந்தடித்த வாய்க்கால்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அது பட்ட இலை ஓரிரு நாளில் கருகிவிடும், பார்த்தவுடன் தெரியும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி அப்படியல்ல. இலை வழியே இறங்கித் தண்டில் ஓடி வேர்க்கிழங்கு வரை போகும். செடி மஞ்சளாக ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகும். அதுவரை பச்சைப்பசேலென்று நிற்கும். வெட்டுகிறவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கொதிக்கவைத்தால் போய்விடும் என்று நம்பவும் கூடாது. பட்டறையில் எத்தனை கவனமாக இருந்தாலும், குழல் நல்லதா கெட்டதா என்பது வாய்க்கால் கரையிலேயே முடிவாகிவிடுகிறது. அந்தக் கரை உங்கள் கையில் இருக்கிறது.

நீங்கள் எதற்கு அனுமதி தருகிறீர்கள் என்பது தெரிய வேண்டும் என்பதால் வேலையை முழுவதுமாகச் சொல்கிறோம்.

வெட்டுவதற்கு ஏற்ற தண்டு, பூக்கதிர் தலைகாட்டத் தொடங்கிய செடியுடையது. தண்டின் பச்சை மஞ்சளுக்குத் திரும்பியிருக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது. இளந்தண்டு காயும்போது சுருங்கிச் சப்பையாகிவிடும். சாம்பல் நிறத்துக்கு முற்றிக் காய்ந்ததில் கரும்பூஞ்சைப் புள்ளி இருக்கும், அறுக்கும்போதே விரியும். நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே வெட்ட வேண்டும். அடித்தாள் நீருக்குள் மூழ்கிவிட்டால் வேர்க்கிழங்குக்குக் காற்று போகாமல் அழுகும், மறுதளிர் வராது. (உண்மையிலேயே நாணல் வேண்டாம் என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் இதையே மருந்துக்குப் பதிலாகச் செய்யலாம்: நீருக்கு அடியில் வெட்டி, தாள் மூழ்கியபடி விட்டுவிடுங்கள்.) கூடு கட்டும் பறவைகளுக்காக மூன்றில் ஒரு பங்கை வெட்டாமல் விட வேண்டும். எலி நடமாடும் வாய்க்கால் என்பதால் ரப்பர் பூட்சும் கையுறையும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சல் சின்ன விஷயமல்ல.

வெட்டிய அன்றே இலையுறையை உரித்துவிட வேண்டும். ஒரு நாள் தள்ளினால் உறை தண்டோடு ஒட்டிக்கொண்டு, அடியில் மாவுப்பூச்சியும் அழுக்கும் தங்கிவிடும். ஒரு தண்டில் அடிப்பகுதி தடித்துக் குட்டையாகவும் நுனி மெலிந்தும் இருக்கும். நடுவிலுள்ள நான்கு முதல் ஆறு கணுவிடைகளே தேறும். கணுக்களை நீக்கி 22 சென்டிமீட்டருக்கு அறுக்க வேண்டும். காய்ந்தபின் இரு முனையிலும் ஒவ்வொரு சென்டிமீட்டர் நறுக்கி 20க்குக் கொண்டுவர வேண்டும். முதலிலேயே 20க்கு அறுத்தால், காயும்போது முனையில் வரும் விரிசலை நீக்க இடம் இருக்காது. கணுவிடை குட்டையாக அமைந்தால் அதைச் சிறிய குவளைக்கு ஒதுக்கலாம். அறுப்பதற்கு அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹாக்சா பிளேடு. கத்தரிக்கோலும் பாராங் கத்தியும் தண்டை நசுக்கிவிடும்.

துளைக்குள் மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒன்று உண்டு. இதை விட்டுவிட்டால் பானத்தில் தூளாக மிதக்கும், குடிக்கிறவர் புழு என்று நினைத்துக் கொட்டிவிடுவார். ஈரம் காயும் முன்னே நைலான் தூரிகையை இருபக்கமும் விட்டுத் தேய்த்து, ஓடும் குழாய் நீரில் அலச வேண்டும்.

அடுத்தது கொதி. முப்பது நிமிடம், நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் கணக்கு. தவறு நடப்பது இங்கேதான். குழல்களைப் படுக்கையாகக் கொட்டினால் துளைக்குள் காற்று அடைபட்டு மிதக்கும். வெளிப்புறம் வேகும், உட்புறத்துக்கு நீரே போகாது. கம்பிக் கூடையில் சாய்வாக நிறுத்தி, மேலே எவர்சில்வர் வலை வைத்து அமுக்கி, காற்றுக் குமிழ் நின்றபின் மூடிபோட வேண்டும். நீர் பழுப்பாகும். தண்டிலுள்ள நிறப்பொருளோடு சர்க்கரைச் சத்தும் கரைந்து வரும். அந்தச் சத்தைத்தான் பின்னால் பூஞ்சை தின்னும். நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் இன்னும் பத்து நிமிடம் கொதிக்க விடலாம். குளோரின் வெளுப்பு வேண்டாம். கந்தகப் புகை காட்டி வெளுப்பாக்குவதும் வேண்டாம். அதில் தங்கும் சல்பைட் ஆஸ்துமா உள்ளவர்களைப் பாதிக்கும். வார்னிஷ், மெழுகு எதுவும் பூசக் கூடாது.

உலர்த்துவதுதான் இந்த நாட்டில் பெரிய போராட்டம். கொதித்த குழலை நேராகக் கடும் வெயிலில் பரப்பினால் வெளித்தோல் முந்திச் சுருங்கி நீளவாக்கில் பிளக்கும். முதல் நாள் நிழலில் காற்றாட, பிறகு வெயிலில். ஆனால் இங்குள்ள ஈரக்காற்றில் வெயில் மட்டும் போதாது. கடைசியாக 60 முதல் 70 டிகிரியில் நான்கு முதல் ஆறு மணி நேரம் சூடான காற்று ஓடும் உலர்த்தியில் வைத்து, ஈரப்பதத்தை 10 விழுக்காட்டுக்குக் கீழே இறக்க வேண்டும். சரிபார்க்கத் தராசு போதும்: 50 கிராம் மாதிரியை 105 டிகிரி அடுப்பில், எடை மேலும் குறையாத வரை வைத்து எடுங்கள், 46 கிராம் வந்தால் ஈரம் 8 விழுக்காடு. இதைத் தவிர்த்துவிட்டுப் பையில் கட்டினால் பூஞ்சை உள்ளிருந்து தொடங்கும், வெளியே தெரியும்போது மொத்தக் கட்டும் போயிருக்கும். சும்மா கிடக்கும் பழைய ரப்பர் புகைவீட்டைத் தருகிறோம் என்று யாராவது நல்லெண்ணத்தோடு சொல்லலாம். நன்றி, ஆனால் பயன்படாது. சுவரில் படிந்த புகைக்கரியின் வாடையைக் குழல் இழுத்துக்கொள்ளும்.

புல்லின் தண்டில் சிலிக்கா உண்டு, அறுத்த முனை உதட்டைக் கீறும். 240 எண் உப்புத்தாளால் முனையை உள்ளும் வெளியும் மழுக்கி, பஞ்சால் ஒரு சுற்றுத் துடைத்துப் பார்க்க வேண்டும். பஞ்சு நார் மாட்டினால் மறுபடி தேய்ப்பு. பிறகு ஒரு முனையை விரலால் மூடி, மறுமுனை வழியே ஊதியபடி நீரில் அமிழ்த்த வேண்டும். பக்கவாட்டில் குமிழ் வந்தால் மயிரிழை விரிசல் இருக்கிறது, அந்தக் குழலில் பானம் ஏறாது. தேறியவற்றை மீண்டும் சூடான காற்றில் உலர்த்தி, மூடி இறுக்கமான தகரத்தில் வைக்க வேண்டும். துளை 5 முதல் 7 மில்லிமீட்டர் இருந்தால் சிராப்புக்கும் இளநீருக்கும் சரி. மாவுத்துண்டுகள் மிதக்கும் செண்டோலுக்கு அகலமானதைத் தனியாகப் பொறுக்க வேண்டும். ஒருவர் குடித்ததைக் கழுவி அடுத்தவருக்குத் தரக் கூடாது. இந்தக் குழல் வளையாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்: படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் கை கழுத்து அசைக்க முடியாதவர்களுக்கும் வளையும் நெகிழிக் குழல் தொடர்ந்து கிடைக்க வேண்டும்.

தோட்ட நிர்வாகிகளிடம் கேட்பது: மேல்பக்கத்திலிருந்து மருந்து நீர் இறங்காத, ஈயக் குட்டைகளோடு தொடர்பில்லாத வாய்க்கால்களைத் தேர்ந்து, இரு முனையிலும் சிவப்பு வெள்ளைக் கம்பம் நடுங்கள். வரைபடத்தின் ஒரு நகல் மருந்தடிப்பை மேற்பார்க்கும் மண்டோர் கையில் இருக்க வேண்டும். அலுவலகக் கோப்பில் மட்டும் இருந்தால் பயனில்லை. பக்கத்து நிரையில் மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே பலகையில் எழுதுங்கள், காற்றில் சாரல் அடிக்கும்.

வடிகால் நீர்ப்பாசன இலாகாவிடம் கேட்பது: ஆற்றோர ஒதுக்கு நிலத்தில் வெட்ட எழுத்து மூலம் அனுமதி. வெள்ளக் காலத்துக்கு முன் நீங்கள் எப்படியும் சுத்தம் செய்யும் இடங்களையே கொடுங்கள். உங்களுக்கும் இயந்திரச் செலவு குறையும்.

நகராண்மைக் கழகத்திடம் கேட்பது: மாவட்டச் சுகாதார அலுவலகத்தோடு பேசி, ஒவ்வொரு அறுவடைக்கும் முன் குறித்த இடத்தின் நாணலை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வழி செய்யுங்கள். காரீயம், காட்மியம், ஆர்செனிக், களைக்கொல்லி எச்சம், பூஞ்சை ஆகிய ஐந்தும் பார்க்கப்பட வேண்டும். 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் உணவோடு படும் பொருளுக்கு என்ன விதியோ அதே விதி நாணல் குழலுக்கும் இருக்கட்டும். செய்கிறவர்கள் தைபாய்டு ஊசியும் உணவு கையாளும் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாக வையுங்கள். சலுகை கேட்கவில்லை.

காலத்தைப் பற்றி ஒரு சொல். மழை குறையும் ஜூன், ஜூலைதான் வெட்டவும் உலர்த்தவும் ஏற்றது. வெட்டிய நாணல் மறுபடி முற்ற ஐந்தாறு மாதம் ஆகும். அந்த மாதங்கள் முழுவதும் அதன் மீது மருந்து படாமல் இருக்க வேண்டும். ஆகவே கம்பங்கள் டிசம்பருக்குள் நடப்பட வேண்டும். இடங்களைச் சேர்ந்து நடந்து பார்க்க நீங்கள் சொல்லும் நாளில் வருகிறோம்.

இப்படிக்கு,
நாணல் குழல் செய்வோர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்