தேனு, இந்த மெகந்தி கதையக் கேளு

தேனு,

எப்படிடி இருக்க? உங்க ஆத்தாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு உன் அண்ணமிண்டி சொன்னாக, கேட்டு நிம்மதியா இருந்துச்சு. பிசியோதெரபிய பாதியில விட்டுறாம பாத்துக்க, வலிக்குதுன்னு சொல்லி நைசா நிறுத்திருவாக, எங்க அயித்த அப்படித்தான் நிறுத்திட்டு இப்ப நொண்டுறாக.

இங்க எல்லாரும் சௌக்கியம். எங்க பெரிய வீட்ட மறுபடியும் ஷூட்டிங்குக்கு கேட்டு வந்தாக, வாடகை நல்ல வாடகைதான், ஆனா வளவு முத்தத்துல ஒரு தூணுல பெயிண்ட் அடிச்சுக்கலாமான்னு கேட்டதும் பங்காளிங்க ஒருத்தர் விடாம கையெழுத்து போடணும்னு ஒரே ரகளை, சிங்கப்பூர்ல இருக்க சித்தப்பா வரைக்கும் போன் போயி கடைசில வேணாம்னு ஆயிருச்சு. இத ஏன் சொல்றேன்னா ஒரு பர்மா தேக்குத் தூணுக்கு இத்தனை சம்மதம் வேணும், புள்ள கையில எதையோ பூசுறதுக்கு ஒருத்தரையும் கேக்க வேணாமாம். அதத்தான் உன்கிட்ட கொட்டணும்னு உக்காந்தேன், நீ வேற டீச்சர், கோவம் வந்தாலும் முழுசாப் படி.

பொங்கலுக்கு முன்னாடி சின்னவ ஸ்கூல்ல பாரம்பரிய தினம்னு வச்சாங்க. பல்லாங்குழி, பம்பரம், கோலம், எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, அதோட ஒரு மெகந்தி ஸ்டாலும். யாரோ வெளிய இருந்து வந்து பொம்பளப் புள்ளைங்க எல்லாரையும் வரிசையா உக்கார வச்சு போட்டு விட்ருக்காங்க. இவ சாயங்காலம் வர்றப்ப ரெண்டு கையும் மை மாதிரி கருப்பு. அரை மணி நேரத்துல புடிச்சுருச்சும்மான்னு ஒரே பெருமை வேற. இவளுக்கு ஒண்ணும் ஆகல. எங்க தெருவுல இவ கிளாஸ் பொண்ணு ஒண்ணு இருக்கு, அதுக்கு மூணாம் நாள் கோடு கோடா எந்த டிசைன்ல போட்டாங்களோ அதே டிசைன்ல கொப்புளம், தண்ணி கோத்துக்கிட்டு, பாக்கவே முடியல தேனு. பரீட்சைக்கு பேனா புடிக்க முடியல. தீபாவளிக்கு இதே மாதிரி கோன் போட்டப்ப ஒண்ணும் ஆகலையேன்னு அவங்கம்மா ஒரே அழுகை.

தோல் டாக்டர்கிட்ட நானும் கூடப் போனேன். அந்தம்மா ரொம்பப் பொறுமையா சொன்னாக. நம்ம வீட்டு மருதாணி இலையில லாசோன்னு ஒரு பொருள் இருக்காம், அது ஆரஞ்சுல ஆரம்பிச்சு மறுநாள் செவக்கும், மை மாதிரி கருக்காது, மணிக்கணக்கா கையில இருந்தாத்தான் நல்லாப் புடிக்கும். அரை மணியில கருப்பா வந்தா பெரும்பாலும் அதுல தலைச்சாயத்துல போடுற பிபிடி கலந்துருக்குன்னு அர்த்தம், பாரா ஃபீனைலீன் டையமீன்னு முழுப் பேரு. ஐரோப்பாவுல தலைக்கு அடிக்கிற டையிலயே 2 சதவீதத்துக்கு மேல அது போகக்கூடாது, தோலுல வரைய அனுமதியே கிடையாதாம். மொத தடவை உடம்பு அத அடையாளம் கண்டு வச்சுக்கும், அடுத்த தடவை சண்டைக்கு வரும், அதான் தீபாவளிக்கு சும்மா இருந்துட்டு பொங்கலுக்கு பொங்கிருச்சு. கொப்புளம் ஆறிரும், ஆனா அந்த அலர்ஜி பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு நரைச்சா பிபிடி உள்ள டை அடிக்க முடியாது, சில கலர் துணி சேராம போகலாம், சில மரத்துப்போற மருந்துகூட ஒத்துக்காம போகலாம். இன்னொண்ணும் சொன்னாக, ஜி சிக்ஸ் பிடின்னு ஒரு என்சைம் கம்மியா பொறக்குற புள்ளைங்க இருக்காம், அதுகளுக்கு அசல் மருதாணியே ஆகாது, ரத்த அணு உடைஞ்சு மஞ்சக்காமாலை மாதிரி வந்துருமாம், அதுலயும் கைக்குழந்தைன்னா ஆபத்தாம். இதெல்லாம் பெத்தவளுக்குத் தெரியும், ஸ்டால் போட்டவளுக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான கேக்கணுங்கிறது.

ஸ்கூல்ல போய்க் கேட்டா, மெகந்தி நம்ம கலாச்சாரம்தானே மேடம் இதுக்கெல்லாமா பெர்மிஷன்னாங்க. சிரிப்பு வந்துச்சு எனக்கு. இதே ஸ்கூல்லதான் கல்யாணத்துக்கு மருதாணி வச்சுட்டுப் போனா பிரேயர்ல நிப்பாட்டி ஃபைன் போடுவாங்க. அப்ப எங்க போச்சு கலாச்சாரம்? ஜூன்ல அட்மிஷன் ஃபார்ம்ல பள்ளி நடத்தும் அனைத்து நிகழ்ச்சிகளிலும் பங்கேற்க சம்மதிக்கிறேன், எந்த பாதிப்புக்கும் பள்ளி பொறுப்பல்லன்னு ஒரு வரி இருக்குல்ல, அத எடுத்துக் காட்டுனாங்க. அனைத்துன்னா என்னடி? ஜூன்ல போட்ட கையெழுத்து ஜனவரியில கையில பூசுற கெமிக்கலுக்கும் செல்லுமா?

நீ என்ன சொல்லுவன்னு தெரியும். நாப்பது புள்ளைக்கும் ஸ்லிப் குடுத்தா பாதி திரும்பி வராது, மீதில பாதி புள்ளையே கையெழுத்து போட்டுட்டு வந்துரும், ஒவ்வொண்ணுக்கும் பெர்மிஷன் கேட்டா ஒரு ஆண்டுவிழாவும் நடக்காதுன்னு. வாஸ்தவம்தான். ஓட்டப்பந்தயத்துக்கும் கோலத்துக்கும் கேக்கச் சொல்லல நான். தோலுல எதையாவது பூசுறது, துணியக் கழட்டுறது, குத்துறது, வெட்டுறது, வாய்க்குள்ள போடுறது, இதுக்கு மட்டும் கேளுங்கன்னுதான் சொல்றேன்.

இதுல இன்னொரு கூத்து. ஆண்டுவிழாவுக்கு பசங்களுக்கு புலிவேஷம். உடம்பு பூரா வார்னிஷ் கலந்த பெயிண்ட், கழுவ மண்ணெண்ணெய்! பெரியவங்க திருவிழால ஆடுறாக அது வேற, அவுக தெரிஞ்சு ஆடுறாக. ஒம்போதாவது படிக்கிற ஒரு பையன் சட்டையில்லாம மேடையேற மாட்டேன்னுட்டான், கொஞ்சம் குண்டான பையன். அவங்கப்பா சந்தோஷமா சம்மதிச்சுட்டாரு, சாரு என்னன்னா புலி வெக்கப்படுமாடான்னு எல்லார் முன்னாடியும் கேக்க, பையன் ரெண்டு நாள் ஸ்கூலுக்கே வரல. இங்கதான் எனக்கு உறுத்துது தேனு. அப்பா கையெழுத்து இருக்கு, எல்லாம் சட்டப்படி, ஆனா உடம்பு யாருது? குழந்தையோட அபிப்பிராயத்துக்கு வயசுக்குத் தக்க மதிப்பு குடுக்கணும்னு ஐநா குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்துல பன்னெண்டாவது பிரிவுல இருக்கு, 1992-லயே இந்தியா அதுல சேந்துருச்சு. முப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் புலி வெக்கப்படுமான்னுதான் கேக்குறோம்.

சரி, நம்மள யாரு கேட்டான்னு நீ திருப்பிக் கேப்ப. கேக்கலதான். குன்றக்குடில மொட்டையடிச்சு மாமா மடியில உக்கார வச்சு காது குத்துனாக, கத்துன கத்துக்கு வாயில வெல்லத்தத் திணிச்சாக. பிள்ளையார் நோம்பன்னிக்கு இருவத்தோரு நூல் திரிச்ச இழைய மாவுல வச்சு எரியுற சுடரோட முழுங்கச் சொன்னாக, ஸ்கூல்ல அத செய்யச் சொன்னா கலெக்டர் வரைக்கும் போயிருக்கும் விஷயம். ஆனா எங்க அப்பத்தா ஒண்ணு செய்வாக, பயந்த புள்ள கிட்ட வந்தா சுடரத் தட்டி அணைச்சுட்டு மாவ மட்டும் குடுப்பாக, யாரும் கேலி பண்ண விடமாட்டாக. அதுவும்போக, காது சீழ் வச்சா எந்த மாமா, எந்த ஆசாரின்னு தெரியும், இருவது வருஷம் கழிச்சும் அவரத் திட்டலாம். ஸ்கூல்ல ஸ்டால் போட்ட பொம்பளைக்கு போன் நம்பர்கூட இல்ல, தெரியுமா? வீட்டுல நடக்குறதெல்லாம் சரின்னு சொல்ல வரல, சின்னவளுக்கு மூக்கு குத்தணும்னு எங்க அயித்த ஒத்தக்கால்ல நிக்கிறாக, அவ கேக்குறப்ப குத்திக்கலாம்னு நானும் நிக்கிறேன்.

நல்லதும் ஒண்ணு நடந்துச்சு. குரூப் டான்ஸ்ல எல்லாருக்கும் திருநீறு, பொட்டுன்னு பேச்சு வந்துச்சு. கூட ஆடுற ஒரு முஸ்லிம் பொண்ணோட அம்மா, ஆடட்டும், நெத்தியில மட்டும் எதுவும் வேணாம்னு சொன்னாங்க. டான்ஸ் மிஸ் உடனே சரின்னுட்டாங்க, நெத்திச்சுட்டி வச்சு மேட்ச் பண்ணியாச்சு, வித்தியாசமே தெரியல. முன்னாடியே கேட்டதால ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. நம்ம அரசியலமைப்புலயே 28-வது பிரிவுல, அரசு அங்கீகரிச்ச, இல்ல அரசு உதவி வாங்குற கல்வி நிறுவனத்துல மதபோதனையிலயோ வழிபாட்டுலயோ மைனர் புள்ளையக் கலந்துக்க வைக்கணும்னா கார்டியன் சம்மதம் வேணும்னு இருக்காம், பக்கத்து வீட்டு வக்கீல் சார் சொன்னாக. பொட்டு வழிபாடா அலங்காரமான்னு அவரு பெரிய லெக்சரே ஆரம்பிச்சாரு, நான் பால் பொங்குதுன்னு உள்ள ஓடிட்டேன்.

மேக்கப் ரூம் பத்தி சொல்லியே ஆகணும். சின்னப் பொண்ணுங்களுக்கு காஸ்ட்யூம் மாத்திவிட வந்தது முன்னபின்ன தெரியாத ரெண்டு ஆம்பளைங்க, ஒரு ஸ்க்ரீன் மறைவுல. நாங்க அம்மாமாரு நாலு பேரு உள்ள போய் நின்னுட்டோம், வெளிய இருங்கன்னாங்க, அசையல. அப்புறம் போட்டோ. மேக்கப்பும் வேஷமுமா புள்ளைங்க உடம்பு தெரியுற படமெல்லாம் அன்னிக்கு ராத்திரியே ஃபேஸ்புக்ல. தனிப்பட்ட விவரங்களப் பாதுகாக்க 2023-ல வந்த டேட்டா சட்டம், 18 வயசுக்கு கீழ உள்ள புள்ளைங்க விவரத்தப் பயன்படுத்த பெத்தவங்க சம்மதம் வேணும்னு சொல்லுது, அதச் சொன்னதும் படத்த எடுத்துட்டாங்க, அதுல மட்டும் ஃபாஸ்ட்.

இப்ப நாங்க கொஞ்சம் பேரு சேந்து ஒரு ஸ்லிப் எழுதிருக்கோம். என்ன பூசப் போறீங்க, கம்பெனி பேரும் உள்ள இருக்குறதும் என்ன, யாரு பூசுறா, சட்டை உண்டா இல்லையா, துணி மாத்துறது எங்க யாரு கூட, போட்டோ எங்க போகும், வேணாம்னா புள்ளைக்கு வேற என்ன வேல. கீழ பெத்தவங்க கையெழுத்து, அதுக்கும் கீழ புள்ள தன் கையால எனக்கு ஓகே, இல்ல வேணாம்னு எழுத ஒரு வரி. இந்தக் கடைசி வரிக்குத்தான் நம்ம செட்டுலயே சண்டை, புள்ளைங்க எதுக்கு எடுத்தாலும் வேணாம்னுரும்னு ஒரு ஆச்சி அடிச்சுச் சொல்றாக. எனக்கு அந்த வரி இல்லாம மத்தது எதுவும் வேணாம்.

ஸ்லிப்ப வாட்ஸப்ல அனுப்பிருக்கேன். டீச்சர் கண்ணோட பாரு, எது நடைமுறைக்கு ஆகாதோ தாட்சண்யம் பாக்காம அடிச்சுவிடு, உங்க ஸ்கூல்ல இந்த மாதிரி ஃபார்ம் எதும் இருந்தா அதையும் போட்டோ எடுத்து போடு. அடுத்த வாரம் பிரின்சிபாலப் பாக்கப் போறோம், அதுக்கு முன்னாடி வேணும்டி.

உமா
காரைக்குடி