அக்காளும் தம்பியும் வாசித்த மாலை

சென்னை
தை மாதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து, பஜனை மடத்தில் மறுபடியும் ஆர்மோனியத்தின் முன் உட்காரத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. அந்த வலியையும் பொருட்படுத்தாமல் சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை மயிலாப்பூரில் ஒரு சிறிய அரங்கின் மாடிப்படி ஏறிக் கேட்டுவந்த கச்சேரியைப் பற்றி, பெட்டி வாசிப்பவரான உங்களுக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது?

வாசித்தவர்கள் பதினாறு வயது அக்காளும் பன்னிரண்டு வயதுத் தம்பியும். முற்பகுதி முழுவதும் இரண்டு கீபோர்டுகளில் கர்நாடக இசை. பக்கத்தில் மிருதங்கமும் கடமும். பிற்பகுதியில் பக்கவாத்தியங்கள் விலகிக்கொள்ள, இருவரும் ஒரே பியானோவின் முன் அமர்ந்து மேற்கத்திய இசை வாசித்தார்கள்.

தொடக்கமாக முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில் ஒன்றான 'சக்தி ஸஹித கணபதிம்' வாசித்ததைக் கெட்டிக்காரத்தனம் என்றே சொல்வேன். சென்னைப் பட்டணத்தில் ஆங்கிலேயரின் வாத்தியக் குழுக்களிடம் கேட்ட மெட்டுகளுக்குத் தீட்சிதர் சாஹித்தியம் செய்த அந்த உருப்படிகள் சங்கராபரண ராகத்தின் சுரங்களில், கமகமின்றி, அதாவது சுரங்களை அசைக்காமல் நடப்பவை. 'சி' எனும் வெள்ளைக் கட்டையை ஷட்ஜமமாக ('ஸ') வைத்தால் ஏழு சுரமும் வெள்ளைக் கட்டைகளிலேயே விழுந்துவிடும். கீபோர்டுக்கு அவற்றில் இயலாதது எதுவும் இல்லை. அந்த வீட்டின் இளைய சகோதரரான பாலுசுவாமி தீட்சிதர்தான் வெள்ளைக்காரரின் வயலினைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தவர் என்பதால், அயல் வாத்தியமொன்றில் உடன்பிறந்தவர்கள் வாசிக்கும் மாலைக்கு அது பொருத்தமான தொடக்கமாகவும் இருந்தது.

அடுத்து ஹம்ஸத்வனி, மோகனம் ஆகிய ராகங்கள் வந்தன. இரண்டும் சுத்தமாக, விறுவிறுப்பாக அமைந்தன. பிறகு பையன் தோடி ராகத்தின் ஆலாபனையைத் தொடங்கியபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கீபோர்டின் இடப்புறம் ஒரு சிறிய சக்கரம் இருக்கிறது. 'பிட்ச் பெண்ட்' என்பார்கள். வலக்கை கட்டையை அழுத்தியிருக்க, இடக்கை விரலால் அதை உருட்டினால் சுரம் மேலும் கீழும் வழுக்கிச் செல்லும். வழக்கமாக இரண்டு அரைச்சுர தூரம்வரை இழுக்கலாம். கர்நாடக இசையை இதில் வாசிப்பவர்கள் கமகத்துக்கு நம்புவது அந்தச் சக்கரத்தைத்தான். ஆகவே இரண்டு கைகளாலும் வாசிக்க ஏற்பட்ட வாத்தியத்தை அவர்கள் ஒரு கையால்தான் வாசிக்கிறார்கள். உங்கள் இடக்கை துருத்தியில் இருப்பதைப் போல, அவர்களுடைய இடக்கை சக்கரத்தில் இருக்கிறது. ஆனால் துருத்தி மூச்சைத் தருகிறது, சக்கரம் அசைவைத் தருகிறது; உங்கள் பெட்டியில் அசைவு கிடையாது, அவர்களுடையதில் மூச்சு கிடையாது. தோடியின் காந்தாரத்தை, அதாவது 'க' சுரத்தை, அந்தப் பையன் அசைத்த விதத்தில் பிழை ஒன்றும் காண முடியவில்லை என்றாலும், ஒவ்வொரு அசைவும் முந்தையதைப் போலவே ஒரே வழவழப்பாக வந்துகொண்டிருந்ததால், சிறிது நேரத்தில் காது சலித்துவிட்டது. இது பையனின் குறை என்று நான் நினைக்கவில்லை. இந்த வயதில் தோடியை எடுத்திருக்க வேண்டாம் என்பது மட்டுமே என் அபிப்பிராயம்.

கட்டை வாத்தியத்தில் கமகம் இல்லை என்ற குற்றச்சாட்டு உங்களுக்குப் புதிதன்று. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கிவைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1971இல் அந்தத் தடை தளரும்வரை உங்கள் ஆசிரியர் அதைப் பற்றி எவ்வளவு கசப்போடு பேசுவார் என்று நீங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பழைய வழக்கை இங்கே மறுபடி நடத்தப்போவதில்லை. எனக்கு அன்று முக்கியமாகப் பட்டது வேறொன்று.

இடைவேளைக்குப் பிறகு மொசார்ட் 1772இல் நான்கு கைகளுக்கென எழுதிய டி மேஜர் சொனாட்டாவை வாசித்தார்கள். முற்பகுதியில் முடங்கிக் கிடந்த இடக்கைகளுக்கு இப்போதுதான் விடுதலை. தம்பி வலப்புறம் அமர்ந்து மேல்ஸ்தாயியில் மெட்டை எடுத்துக்கொண்டான். அக்காள் இடப்புறம் அமர்ந்து கீழ்ஸ்தாயியைத் தாங்கினாள். இப்படி இருவர் வாசிக்கும்போது, ஒலியை நீட்டிக்கும் பெடலை மிதிக்கும் பொறுப்பு பெரும்பாலும் கீழ்ப்பகுதி வாசிப்பவருக்கே போகும். அதாவது மெட்டு அவனுடையது, அதை எவ்வளவு நேரம் ஒலிக்கவிடுவது, எங்கே துண்டிப்பது என்ற முடிவு அவளுடைய காலில் இருக்கிறது. தன் விரல்களைவிடத் தம்பியின் விரல்களைத்தான் அவள் அதிகம் கேட்டாக வேண்டும். மெதுவான நடுப்பகுதியில் அவன் ஓரிடத்தில் சற்று அவசரப்பட்டபோது, அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கீழே வந்துகொண்டிருந்த ஸ்வரங்களுக்கு இம்மியளவு கூடுதல் அழுத்தம் கொடுத்தாள், அவன் சரியான வேகத்துக்குத் திரும்பிவிட்டான். அடுத்து வாசித்த, ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸின் ஐந்தாவது ஹங்கேரிய நடனத்தில் வேகம் கூடியும் குறைந்தும் விளையாடியபோதும் கடிவாளம் அவள் கையில்தான் இருந்தது. அந்த நடனங்கள் 1869இல் முதலில் வெளிவந்ததே நான்கு கைகளுக்கான பியானோ உருப்படிகளாகத்தான்.

கச்சேரி முடிந்ததும் கூட்டம் பையனைச் சூழ்ந்துகொண்டது. சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் வென்று வந்ததிலிருந்து, பியானோவின் முன் உட்காரும் ஒவ்வொரு சிறுவனிடமும் இங்கே அதே வேகத்தை எதிர்பார்க்கிறார்கள். சிலர் அதை அவனிடமே சொல்லவும் சொன்னார்கள். அக்காளிடம் ஓர் அம்மாள் கேட்ட கேள்வி என் காதில் விழுந்தது: "அடுத்த வருஷம் பிளஸ் டூ ஆச்சே, இதையெல்லாம் நிறுத்திடுவியா?" அவள் சிரித்துக்கொண்டே வயர்களைச் சுருட்டினாள்.

எனக்கு மொசார்ட்டின் அக்காள் நினைவு வந்தது. 1763இல் தந்தை ஐரோப்பா முழுவதும் கச்சேரிக்கு அழைத்துப்போனபோது இரண்டு குழந்தைகளும்தான் வாசித்தார்கள். 1769இன் இறுதியில் இத்தாலிக்குப் புறப்பட்டபோதோ பதினெட்டு வயதுப் பெண்ணை வீட்டில் விட்டுவிட்டுப் பையனை மட்டும் அழைத்துப்போனார்கள். நம் நாடக மேடையையே எடுத்துக்கொள்ளுங்களேன். நாடகப் பாடகர் கிட்டப்பாவின் குரலைப் பற்றி இன்றும் பேசுகிறோம். பக்கத்தில் ஆர்மோனியம் வாசித்த அவருடைய அண்ணன் காசி ஐயரின் பெயரை உங்களைப் போன்ற பெட்டிக்காரர்கள்தாம் சொல்கிறீர்கள்.

கூட்டம் கலைந்தபின் அந்தப் பெண்ணிடம் சிறிது நேரம் பேசினேன். கீழ்ப்பகுதி வாசிப்பது தானே கேட்டு வாங்கிக்கொண்டது என்றாள். "மேலே வாசிச்சா அவன் என்ன பண்றான்னு எனக்குத் தெரியாது, தாத்தா" என்றாள். உங்களைப் பற்றிச் சொன்னேன். கீபோர்டில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தபடியே பெருக்கிக் குறைக்க வராமல் தவிப்பதாகவும், துருத்தியைக் கையாளும் முறையைப் பழகிக்கொண்டால் அந்த அளவு காதுக்குப் பிடிபடும் என்று தோன்றுவதாகவும் கூறினாள். ஒரு மாணவிக்குத் தோன்றக்கூடிய யோசனைகளில் இது உயர்ந்த ரகம் என்று எனக்குப் பட்டது.

அவர்களுடைய பாட்டி வீடு கும்பகோணத்தில் உங்கள் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறதாம். மே மாத விடுமுறையில் பத்துப் பதினைந்து நாட்கள் அங்கே இருப்பார்கள். காலை வேளையில் அரை மணி நேரம் அவளை உங்கள் பெட்டியின் முன் உட்காரவைக்க உங்களுக்குச் சம்மதமா என்று எழுதுங்கள். பையனும் கூடவே வந்து நிற்பான், அவனுக்கும் ஒரு மணை போட்டுவிடுங்கள். பெட்டியில் இரண்டு ரீடுகள் பழுது என்று எழுதியிருந்தீர்களே, அதற்குள் சரிசெய்துவிட முடியுமா என்பதையும் தெரிவியுங்கள். இங்கிருந்து ஏதேனும் வாங்கி அனுப்ப வேண்டுமானால் அனுப்புகிறேன்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்