குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நம் நகரின் பெரியவர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். தெருவிளக்கு, பூங்கா வேலி, காவலாளி நியமனம் பற்றிய தீர்மானங்கள் குறிப்பேட்டில் உள்ளன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் பெரும்பாலும் குப்பையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இந்த வருடம் நம்மை அதிகம் அலைய வைத்ததும் அதுதான், ஒன்றாக உட்கார வைத்ததும் அதுதான்.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. பேட்டரி வண்டியில் நம் தெருக்களுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அம்மா, இரண்டாவது தெரு முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, இறுக்கி முடிச்சுப் போட்ட ஒரு கவரைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே மிச்சச் சோறு, குழம்பு, வாழைப்பழத் தோல். அவற்றோடு ஒரு உடைந்த கண்ணாடி டம்ளரும் இருந்தது. உள்ளங்கையில் ஆழமாகக் கிழித்துவிட்டது. பால் வாங்கப் போன நான் அதைப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றிக் கழுவி, துண்டைச் சுற்றி, ஆட்டோவில் அழைத்துப் போனோம். நான்கு தையல். திரும்பி வரும்போது அவர் யாரையும் திட்டவில்லை. "கண்ணாடியைத் தனியா பேப்பர்ல சுத்தி வெச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்மா. சோத்துக்குள்ள கிடந்தா எப்படிம்மா தெரியும்?" என்றார்.

அந்தக் கவர் எந்த வீட்டுக் கவர் என்று நாங்கள் தேடவில்லை. என் வீட்டிலிருந்தும் அப்படி ஒன்று போயிருக்கக்கூடும். அடுத்த ஞாயிறு சிறப்புக் கூட்டம் கூட்டினோம். அன்று வந்தவர்களுக்கு நினைவிருக்கும், முதல் அரை மணி நேரம் ஒரே கேள்விதான்: "நாம பிரிச்சுக் கொடுத்தாலும் லாரியில ஒண்ணாத்தானே கொட்டுறாங்க, பிறகு எதுக்குப் பிரிக்கணும்?" நியாயமான கேள்வி. நானே இரண்டு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலுள்ள ஆபத்தான கழிவு என்று மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லியிருந்தன. ஆனால் கீழே பிரித்தது மேலே போய்க் கலந்தால் யாருக்கும் மனசு விட்டுப் போகும். மனு கொடுத்தோம், நேரில் போய்ப் பேசினோம். இப்போது நிலைமை கொஞ்சம் மேல்; முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

அன்று முடிவில் நாம் எடுத்த தீர்மானத்தை இங்கே மறுபடி வாசிக்கிறேன்: "ஈரக் குப்பை நம் தெருவை விட்டு வெளியே போகாது." கலப்பதற்கு ஈரமே இல்லாவிட்டால் லாரியில் எதைக் கலப்பார்கள்? அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகவே போகும். பாட்டில் பாட்டிலாகவே போகும். கண்ணாடித் துண்டு சோற்றுக்குள் ஒளிந்திருக்காது.

நாம் இருப்பது பள்ளிக்கரணைக்குப் பக்கத்தில். நம் வீட்டுக் குப்பை பல வருடங்களாகப் போய்ச் சேர்ந்தது அந்தச் சதுப்பு நிலத்தின் ஓரத்துப் பெருங்குடிக் கிடங்குக்கு. 2022 ஏப்ரல் இறுதியில் அந்தக் கிடங்கு பற்றி எரிந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். நாள்கணக்கில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. சோறும் காய்கறித் தோலும் காற்றுப் படாமல் அடியில் புதைந்து அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. மேலே பிளாஸ்டிக் மலை, உள்ளே எரிவாயு. ஒரு பொறி போதும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததும் அதே 2022இல்தான். வலசைப் பறவைகள் வந்து இறங்கும் நீர்நிலை அது. நம் வீட்டுச் சாம்பார் மிச்சம் அங்கே போய் அழுக வேண்டிய அவசியமே இல்லை.

இனி உரத் தொட்டியின் கதை. பழைய இரும்புக் கடையில் மூன்று நீல டிரம் வாங்கி, சுற்றிலும் துளை போட்டு, பூங்காவின் பின்புறம் செங்கல் மேல் நிறுத்தினோம். ஜூலை முதல் வாரம் எல்லோரும் உற்சாகமாகக் கொண்டுவந்து கொட்டினோம். மூன்றாவது வாரம் பூங்காப் பக்கம் யாராலும் நடக்க முடியவில்லை. அடியில் கறுப்பாகத் தண்ணீர் வடிந்தது. ஈ மொய்த்தது. உள்ளே வெள்ளைப் புழுக்கள் கொத்துக்கொத்தாக நெளிந்தன. பூங்காவை ஒட்டிய வீட்டார் புகார் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் மேல் தவறே இல்லை. டிரம்மைத் தூக்கிவிடலாம் என்று செயற்குழுவிலேயே பாதிப் பேர் சொன்னார்கள்.

காப்பாற்றியது மூன்றாவது தெருப் பாட்டி. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் எருக்குழி பார்த்து வளர்ந்தவர். டிரம்முக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, "சருகு எங்கடி?" அப்போதுதான் உறைத்தது. சமையலறை ஈரத்தை மட்டுமே கொட்டியிருக்கிறோம். காய்ந்த இலையை எல்லாம் தினமும் காலையில் கூட்டிக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தோம். உரத்துக்கு வேண்டிய பாதிப் பொருளை நெருப்பில் போட்டுவிட்டு, மீதிப் பாதி நாறுகிறது என்று புலம்பியிருக்கிறோம்.

அன்றோடு சருகு எரிப்பதை நிறுத்தினோம். புங்க மரத்தடியில் கம்பி வலையை வட்டமாகக் கட்டி அதில் சருகைச் சேர்த்தோம். ஒரு வாளி ஈரக் குப்பை கொட்டினால் அதற்குக் குறையாமல் ஒரு வாளி சருகு. வாரத்துக்கு இரண்டு முறை கிளறல். அவ்வப்போது புளித்த மோர் தெளிப்போம். பாட்டி சொல்லித் தந்த பரிசோதனை ஒன்று உண்டு: ஒரு பிடி எடுத்துக் கையில் அழுத்த வேண்டும். உருண்டை பிடித்து நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகக் கூடாது. ஒழுகினால் சருகு போடு. உதிர்ந்தால் தண்ணீர் தெளி. புழுக்களைப் பற்றிப் பலர் பயந்தார்கள். அவை ஒரு வகை ஈயின் புழுக்கள். கழிவைத் தின்று சீக்கிரம் மக்க வைக்கும், நம்மை ஒன்றும் செய்யாது. ஈரம் குறைந்ததும் தானாகவே குறைந்துவிட்டன.

பத்து நாளில் நாற்றம் போனது. ஆகஸ்டில் ஒரு நாள் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன். சூடு தாங்கவில்லை, சட்டென்று இழுத்துக்கொண்டேன். உள்ளே வேலை நடக்கிறது என்பதற்கு அந்தச் சூடுதான் சாட்சி. அக்டோபர் தொடக்கத்தில் முதல் டிரம்மைக் கவிழ்த்தோம். கறுப்பாக, பொலபொலவென்று, முதல் மழை விழுந்த மண் வாசனையோடு இருந்தது. தேங்காய்ச் சிரட்டையும் மாங்கொட்டையும் மட்டும் அப்படியே கிடந்தன. அவற்றைத் தனியே எடுத்து மறுபடி போட்டோம். இனிமேல் சிரட்டையைத் தொட்டியில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காய்ந்த குப்பைக்கு வருகிறேன். பால் பாக்கெட்டை வெட்டும்போது மூலையை முழுதாகத் துண்டித்துவிடாமல், ஓரத்தில் ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். துண்டாகிப் போகும் சின்ன முக்கோணம் யார் கைக்கும் சிக்காது. சாக்கடைக்கோ மாட்டின் வயிற்றுக்கோதான் போகும். கவருக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, கொடியில் கவிழ்த்துக் காயப் போட்டால் பழைய பேப்பர் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்கிறார். கழுவாத கவரை அவர் தொட மாட்டார். சிப்ஸ் பாக்கெட்டை எவ்வளவு கழுவினாலும் எடுக்க மாட்டார். பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் பிரித்தெடுக்க வழியில்லை. மிஞ்சிப் போனால் சிமென்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாகும். அதற்கு நான் கண்ட தீர்வு ஒன்றுதான்: மாலையில் பிள்ளைகளுக்குச் சுண்டலோ வேர்க்கடலையோ கொடுப்பது. என் வீட்டில் வாரத்தில் நான்கு நாளாவது அது நடக்கிறது.

உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி விஷயத்தில் யாரும் சலுகை கேட்க வேண்டாம். கண்ணாடியை அட்டைப்பெட்டியில் வைத்து மேலே எழுதுங்கள். இன்சுலின் ஊசியை மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துத் தனியே கொடுங்கள். நாப்கின், டயப்பரைச் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு புள்ளி வையுங்கள். இதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம். ஜூனுக்குப் பிறகு நம் தெருக்களில் யார் கையிலும் காயம் படவில்லை. இந்த அறிக்கையில் நான் மிகவும் மகிழ்ச்சியோடு சொல்லும் வரி இது.

விசேஷங்களுக்குப் பாத்திரம் இரவல் தரும் பாத்திர வங்கி செப்டம்பரில் தொடங்கியது. நூறு எவர்சில்வர் டம்ளர், ஐம்பது தட்டு, இரண்டு தண்ணீர் டிரம், எல்லாம் உறுப்பினர்கள் கொடுத்தவை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகித டம்ளரும் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியவில்லை. காகிதம்தானே என்று நினைத்துவிடுகிறோம். உள்ளே மெழுகு போல வழுவழுவென்று இருப்பது பிளாஸ்டிக்தான். நான்காவது தெருவில் நடந்த வளைகாப்பில் ஒரு தண்ணீர் பாட்டில்கூட வாங்கவில்லை. வாழையிலை, எவர்சில்வர் டம்ளர், தாம்பூலத்துக்கு மஞ்சப்பை. எச்சில் இலை முழுவதும் நம் தொட்டிக்கே வந்தது. யார் கழுவுவது என்ற கேள்வி எழுந்தது. விசேஷ வீட்டார் கழுவுபவருக்குக் கூலி கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அந்தக் கூலி, பாட்டில் வாங்கும் செலவைவிடக் குறைவு.

ஹோட்டலுக்குத் தூக்குச்சட்டி எடுத்துப் போகும் பழக்கமும் மெல்லத் திரும்புகிறது. நான் சிறுமியாக இருந்தபோது அப்பா சாம்பாருக்கு ஒரு தூக்கு, இட்லிக்கு ஒரு டப்பா கொண்டுபோவார். அதில் யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை.

அக்டோபர் 15 மழையில் மூன்றாவது தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இளைஞர்கள் கால்வாய்க் கம்பியைத் தூக்கிக் கையால் வழித்தபோது வந்தவை கேரி பேக், தெர்மாகோல், இளநீர்க் கூடு. எடுத்த கால் மணி நேரத்தில் தண்ணீர் வடிந்தது. செய்தவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

போகியை இந்த வருடம் எரிக்காமல் கொண்டாடினோம். 2018இல் போகிப் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போன காலை நினைவிருக்கும். நம் நகரில் ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். மார்கழிக் கடைசியில் அவர்கள் படும் பாட்டைப் பெற்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஜனவரி 12, 13 இரண்டு நாளும் பூங்கா வாசலில் தார்ப்பாய் விரித்தோம். உடுத்தக்கூடிய துணியைத் துவைத்து மடித்துக் கொண்டுவரச் சொன்னோம். பெரும்பாலானோர் அப்படியே செய்தார்கள், சிலர் கிழிசலைக் கொண்டுவந்து போட்டார்கள். பருத்திக் கிழிசல் துடைக்கும் துணியானது. பழைய புடவைகளை இரண்டாவது தெருத் தையல்காரர் பைகளாகத் தைத்துக் கொடுத்தார். கைப்பிடியை இரட்டைத் தையல் போட்டது அவராகச் செய்தது. பெரியவர்களில் சிலருக்கு நெருப்பே இல்லாத போகி மனதுக்கு ஒப்பவில்லை. அவர்களுக்காக விடியற்காலையில் காய்ந்த தென்னை மட்டையும் கிழிந்த பாயும் மட்டும் வைத்துச் சின்னதாக ஒரு தீ மூட்டினோம். பிள்ளைகள் மேளம் தட்டினார்கள்.

தண்ணீர், மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்கள் நாம். மழைநீர்த் தொட்டியின் மணலும் ஜல்லியும் செப்டம்பருக்குள் கழுவப்பட வேண்டும். குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் கழித்து விடும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடையுங்கள், கழிவறைக்கு ஊற்றுங்கள். உப்பு அதிகம் என்பதால் தொட்டிச் செடிக்கு வேண்டாம். சங்க அறையின் பழைய மின்விசிறியை, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. மோட்டார் வகைக்கு மாற்றினோம். பழையது 75 வாட் இழுத்தது, இது அதில் பாதிகூட இல்லை.

நிறைவேறாத ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். பழைய பேட்டரி, செல்போன், சார்ஜர்களைச் சேகரித்தோம். எடுத்துச் செல்வதாகச் சொன்ன நிறுவனம் இரண்டு முறை நாள் குறித்தும் வரவில்லை. பெட்டி இன்னும் சங்க அறையில் இருக்கிறது. அதைக் குப்பை வண்டியில் போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது, நான் சம்மதிக்கவில்லை. வரும் ஆண்டின் முதல் வேலையாக அதற்கு உரிய இடம் பார்ப்போம். நான்காவது டிரம் ஒன்றும், சருகு வெட்ட ஒரு கைக் கத்தரியும் வாங்கச் செயற்குழு அனுமதி கேட்கிறது. தூய்மைப் பணியாளர்களுக்குச் சங்கச் செலவில் வருடம் இரண்டு ஜோடி தடித்த கையுறை வாங்கித் தரும் தீர்மானமும் உங்கள் முன் இருக்கிறது.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். சலித்த உரம் பூங்கா அறையில் மூட்டையாக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு இரண்டு படி வீதம் பாட்டியே அளந்து தருவார். பை எடுத்து வராதவர்கள் வீட்டுக்குப் போய் எடுத்து வரலாம். ஏழு மணி வரை அறை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்