அக்காவுக்கு, இரண்டாம் சனிக்கிழமை பற்றி

அக்கா,

போனில் சொன்னால் "சரி, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதிவிட்டால் அப்புறம் நானும் பின்வாங்க முடியாது. "எழுதிக்கோ, அவன் பேரைப் போடாதே" என்றாய். உன் மகன் பேரைப் போடவில்லை, ஆட்டிசம் உள்ள பிள்ளை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். உனக்கு என்ன ஆபரேஷன் என்பதையும் எழுதப்போவதில்லை.

ஆபரேஷனுக்காக நீ அவனை என் வீட்டில் விட்டுவிட்டுப் போன ராத்திரிக்கு வருகிற வியாழக்கிழமையோடு ஒரு வருஷம்.

அவனை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன எட்டுப் பக்கமும் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ஃபேன் மூன்றில் இருக்க வேண்டும். மிக்ஸி போடுவதற்கு முன்னால் அவனிடம் சொல்ல வேண்டும். குழம்பைச் சாதத்தில் ஊற்றாமல் பக்கத்தில் வைக்க வேண்டும். "காபி வேணுமா" என்று அவன் கேட்டால் அவனுக்குத்தான் வேண்டும் என்று அர்த்தம், நாம் கேட்பதைத்தான் அவன் திருப்பிச் சொல்வான். வலிப்பு மாத்திரை எட்டு மணிக்கு. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே செய்தேன். ராத்திரி பத்தரை மணி வரை ஒரு குறையும் இல்லை.

பத்தரைக்கு அவன் தன் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசல் கிரில் கிட்டே போய் நின்றான். "வீட்டுக்குப் போலாமா" என்றான். நான் "நாளைக்கு" என்றேன். மறுபடியும் கேட்டான். "நாளைக்குடா கண்ணா, அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, நாலு நாள்ல வந்துருவாங்க" என்றேன். எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வேறு ஏதோ சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தான். அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பன்னிரண்டு மணியிலிருந்து ஒன்றேகால் வரை நடந்ததை இங்கே எழுத மாட்டேன். அவனுக்கு 22 வயது. அவன் தலையில் ஏற்பட்ட காயத்தை நீ பார்த்தாய், என் வீட்டுக்காரர் கையையும் பார்த்தாய். அது போதும். எதிர்வீட்டில் லைட் எரிந்தது. உள்ளே என் மகள் காலை பிளஸ் டூ பிசிக்ஸ் பரீட்சைக்குக் காதைப் பொத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஒன்றேகாலுக்கு நான் உனக்குப் போன் செய்தேன். காலை ஏழு மணிக்கு உனக்கு ஆபரேஷன் என்று தெரிந்தே செய்தேன்.

தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு டாக்ஸியில் வந்து இறங்கினாய். இடது கையில் ஊசிக் குழாயும் பிளாஸ்திரியும் அப்படியே இருந்தன. அவன் உன்னைப் பார்த்ததும் அடங்கினான். "வீட்டுக்குப் போலாமா" என்றான். நீ "போலாமே" என்றாய், அந்த 'மே'யைக் கொஞ்சம் இழுத்து. அவ்வளவுதான். உன் கையில் ஓரம் தூக்கிக்கொண்டிருந்த பிளாஸ்திரியைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டிவிட்டான். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. "தண்ணி குடு" என்றாய், குடித்தாய், அவன் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய்.

எட்டுப் பக்கத்தில் 'போலாமே' இல்லை அக்கா.

எத்தனையோ தடவை தேடிப் பார்த்துவிட்டேன். ஸ்பெஷல் ஸ்கூல் வாசலில் அவன் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து தினமும் சொல்லிச் சொல்லி, அது ஒரு குறிப்பு என்றே உனக்குத் தோன்றியிருக்காது. அதை நினைத்தால் அழுகை வருகிறது. அதே நினைப்பில் கோபமும் வருகிறது. 22 வருஷம் யாரையும் பக்கத்தில் விடாமல் வளர்த்துவிட்டு, கழுத்தைப் பிடிக்கிற நேரத்தில் ஒரு நோட்டைக் கையில் கொடுத்தால் யாரால் முடியும்? அவன் ஆறு வயதில் கல்லணைக்கு நான் கூட்டிப்போகிறேன் என்றபோது "உன்னால முடியாது" என்றாய். எல்லோரும் இருக்கும்போது சொன்னாய். அன்றைக்கு எனக்கு வருத்தம் இருந்தது. 'நல்லவேளை' என்ற நிம்மதியும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்த நிம்மதியில்தான் அப்புறம் பதினாறு வருஷம் நான் கேட்கவே இல்லை.

உன் ஆபரேஷன் அத்தான் மஸ்கட்டிலிருந்து லீவில் வரும் வரை நாலு மாதம் தள்ளிப்போனது. அந்த நாலு மாதமும் நீ எப்படி இருந்தாய் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நடுவில் ஏப்ரல் 2 வந்தது. ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் என்று நீல நிறத்தில் ஸ்டேட்டஸ் வைத்தேன், அந்த ராத்திரி நடந்து மூன்று வாரத்தில். நீ பார்த்தாய் என்று போன் காட்டியது. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். மற்ற எதையும்விட அதற்காக.

"எங்கேயாவது நாலு நாள் விட ஒரு இடம் பார்த்திருக்கலாமே" என்று அப்போது என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் நானே தேடினேன். ஓரிடத்தில் 18 வயதுக்கு மேல் ஆண் பிள்ளைகளை எடுப்பதில்லை என்றார்கள். ஓரிடத்தில் வலிப்பு இருந்தால் முடியாது என்றார்கள். இன்னோரிடத்தில் பேசியவர், "நிரந்தரமா விடுறதா இருந்தா சொல்லுங்க, நாலு நாளுக்கெல்லாம் கிடையாது" என்றார். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அடுக்களையிலேயே நின்றேன். இந்தப் பதில்களை எல்லாம் நீ எப்போதோ கேட்டு முடித்திருப்பாய் என்று அப்போதுதான் உறைத்தது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்கிறேன், நீ தாண்டிப் போ. பார்த்துக்கொள்கிறவர் மூச்சு விட்டுக்கொள்ளக் கொஞ்ச நாள் வேறொருவர் பார்த்துக்கொள்வதற்கு ரெஸ்பைட் கேர் என்று பெயர். ஆட்டிசம் போன்றவை உள்ளவர்களுக்காக 1999-ஆம் வருஷச் சட்டத்தில் உருவான மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட், இதற்காக 'சமர்த்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி தருவதைப் பற்றிப் பேசுகிறது. தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. அந்த 2,000 ரூபாய்க்கு ராத்திரி ஒரு ஆளை எத்தனை நாள் வைத்துக்கொள்ள முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். சட்டத்தில் ஒரு சொல் இருப்பதற்கும், ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி ஒரு கதவு திறப்பதற்கும் நடுவில் என் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் வீட்டுக்கு வருகிறேனே, முதல் வாரம் நீ பெரிய கோயிலில் உட்கார்ந்துகொண்டு இரண்டு மணி நேரத்தில் ஆறு தடவை கூப்பிட்டாய். ஒவ்வொரு போன் மணிக்கும் அவன் எழுந்து செருப்பைத் தேடினான். உன்மேல் எரிச்சலாக வந்தது, சொல்லவில்லை. போன வாரம் நீ ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. திரும்பி வந்தபோது உன் கன்னத்தில் தூண் சாய்ந்த தடம் இருந்தது. தூங்கியிருக்கிறாய். நீ வந்ததும் அவன் எழுந்து வந்து உன் கையை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்தான். அதை நீயும் கவனித்தாய்.

'நாலு நாள்' என்று வாயால் சொன்னால் அவனுக்கு ஒன்றும் புரியாது என்று ஸ்பெஷல் எஜுகேட்டர் சொன்னார். கண்ணால் பார்க்க வேண்டும். அதனால் ஒரு அட்டையில் கட்டம் போட்டிருக்கிறேன். சனிக்கிழமைக் கட்டத்தில் என் போட்டோ, ஞாயிறு சாயங்காலக் கட்டத்தில் உன் போட்டோ. உன் போட்டோவுக்குக் கீழே 'போலாமே' என்று எழுதியிருக்கிறேன். அவன் படிப்பானோ என்னவோ, அதற்காக இல்லை, நான் மறக்காமல் இருப்பதற்காக.

என் வீட்டுக்கு அவனைக் கூட்டி வர வேண்டாம். அவன் ஃபேன், அவன் தட்டு, அவன் கிரில் கம்பி எல்லாம் இருக்கிற இடத்துக்கு நான் வருகிறேன். மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்புவேன். என் வீட்டில் என்ன விசேஷம் வந்தாலும் வருவேன். நீ எங்கே போவாய் என்று கேட்க மாட்டேன். லாட்ஜில் ரூம் போட்டு இரண்டு நாளும் தூங்கினாலும் சரி. உறவுக்காரர்கள் சிலர் இதைப் படிப்பார்கள், ஏதாவது பேசுவார்கள். பேசுகிறவர்கள் மூன்றாம் சனிக்கிழமை வரட்டும்.

நீ என்னை மன்னித்தாயா என்று எனக்குத் தெரியாது. நான் உன்னை முழுக்க மன்னித்துவிட்டேனா என்றும் தெரியாது. அதற்காக இரண்டாம் சனிக்கிழமை காத்திருக்க வேண்டாம்.

எட்டுப் பக்கத்தையும் கொண்டு வருகிறேன், விட்டுப்போனது வேறு என்ன என்று உட்கார்ந்து எழுதித் தா. அப்புறம், வீட்டுச் சாவி ஒன்று எனக்கு வேண்டும். இந்த வாரமே இன்னொரு சாவி போட்டு வை.

உன் தங்கை