வைக்கோல் போருக்குப் பக்கத்தில் ஒரு ஆன்டெனா

மன்னார்குடி
ஐப்பசி, ஞாயிறு இரவு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. நடவு நேரம், உட்கார்ந்து எழுத முடியவில்லை. சம்பா நட்டாயிற்று. கஜா புயலில் விழுந்த தென்னைகளுக்குப் பதிலாக 2019 இல் வைத்தோமே, அந்தக் கன்றுகள் இந்த வருஷம் பாளை விட்டிருக்கின்றன. அம்மா தினமும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். நீ பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது பற்றிச் சொன்னேன், அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கும்பகோணம் ஹாஸ்டல் மொட்டைமாடியில் கம்பி கட்டி, திருச்சி வானொலியை 936 கிலோஹெர்ட்ஸில் பிடித்தோம் இல்லையா? இப்போது அதற்கு ஐம்பது மடங்கு கீழே, 18.2 கிலோஹெர்ட்ஸில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 1990 இலிருந்து இருக்கிறது. நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் இடம். இவ்வளவு தாழ்ந்த அலைதான் கடல் நீருக்குள் கொஞ்சமாவது இறங்கும். ஒரு அலையின் நீளம் பதினாறரை கிலோமீட்டர். இங்கே தொடங்கினால் நீடாமங்கலம் தாண்டித்தான் முடியும்!

ரிசீவர் என்று தனியாக ஒன்றும் இல்லை. ஒரு மீட்டர் சதுர மரச்சட்டம், அதில் அறுபது சுற்று செப்புக்கம்பி, சின்ன ஆம்ப்ளிஃபயர், லேப்டாப்பின் சவுண்ட் கார்டு, அவ்வளவுதான். கார்டு நொடிக்கு 48,000 முறை அளக்கிறது. அதில் பாதி, அதாவது 24 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் உள்ளே வந்துவிடும். மற்றது சாஃப்ட்வேரின் கணக்கு.

18,200 ஹெர்ட்ஸ் நம் வயதுக் காதுக்கு எட்டாது. அதனால் சாஃப்ட்வேர் தானே 17,400 இல் ஓர் அலையை உண்டாக்கி, வந்த சிக்னலோடு பெருக்குகிறது. வித்தியாசம் 800 ஆக வந்து நிற்கும். ஆனால் 16,600 இல் ஏதாவது இரைச்சல் இருந்தால் அதுவும் அதே 800 இல் வந்து உட்கார்ந்துவிடும். அதற்காகத்தான் சைன், கொசைன் என்று கால் சுற்றுத் தள்ளிய இரண்டு அலைகளால் பெருக்கி, இரண்டு விடைகளையும் வைத்துக்கொள்கிறார்கள். 17,400க்கு மேலிருந்து வந்தது எது, கீழிருந்து வந்தது எது என்று அப்போது பிரிந்துவிடும். கல்லூரியில் வெறும் சூத்திரமாகப் படித்தது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

உன்னிடம் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது. இது சுருதியை இறக்கிப் பாடுவது போல இல்லை. சுருதி இறக்கினால் ஸ்வரங்களுக்குள் இருக்கும் விகிதம் மாறாது. இங்கே வகுக்கவில்லை, கழிக்கிறோம். ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையிலிருந்து 19.8 கிலோஹெர்ட்ஸில் ஒரு நிலையம் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து வருகிறது. நிஜத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே ஸ, சதுஸ்ருதி ரி தூரம்கூடக் கிடையாது. இறக்கிய பிறகு ஒன்று 800, இன்னொன்று 2,400. மத்திய ஸ்தாயி ஷட்ஜமும் மேல் ஸ்தாயி பஞ்சமமும்! முதல் நாள் இதைக் கேட்டபோது உன் நினைவுதான் வந்தது.

படுத்துவது கரண்ட்தான். 50 ஹெர்ட்ஸின் ஒவ்வொரு மடங்கிலும் இரைச்சல் சீப்புப் பல் மாதிரி நிற்கிறது. 18,200 என்பது சரியாக 364 ஆவது மடங்கு. அந்தப் பற்களை மட்டும் பிடுங்க ஃபில்டர் போட்டேன், நிற்கவில்லை. மின் கிரிட்டின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து 0.02 விலகினாலே அந்த இடத்தில் 7 ஹெர்ட்ஸுக்கு மேல் தள்ளிப்போகிறது. அந்த அதிர்வெண் நகர்வதை அளந்து கூடவே நகரும் ஃபில்டர்தான் உதவியது. இன்னொன்று, ஃபில்டரைக் குறுக்கக் குறுக்க இடியின் சடசடப்பு ஒவ்வொன்றும் மணி அடித்தது போல இழுபடுகிறது. நிலையத்தின் சிக்னலும் ஒரே கோடு இல்லை, அகலம் உள்ளது. ரொம்ப இறுக்கினால் அதுவே நசுங்கிவிடும்.

இதையெல்லாம்விட முக்கியமாக நான் கற்றது, கணக்கு பிறகுதான், ஆன்டெனா முதலில் என்பது. சட்டம் வீட்டு வாசலில் இருந்தவரை பக்கத்து மோட்டார் ஓடும்போதெல்லாம் கார்டு நிரம்பி அலையின் தலை வெட்டுப்பட்டது. வெட்டுப்பட்டதை எந்த ஃபில்டராலும் ஒட்டவைக்க முடியாது. வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்து, லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றி, சட்டத்தின் தளத்தைத் தென்மேற்கே திருப்பினேன். பாதி இரைச்சல் அங்கேயே போய்விட்டது.

அப்புறம், உன்னால் ஆக வேண்டிய வேலை ஒன்று. இரவில் தூரத்து மின்னல்கள் ‘டியூ’ என்று சறுக்கி, ஒரு சுருதிக்கு வந்து அடங்குகின்றன. ட்வீக் என்பார்கள். இதை இறக்கவே வேண்டாம், காதுக்கு எட்டும் அலைதான். மின்னலின் அலை தரைக்கும், வானத்தில் கூரை மாதிரி இருக்கும் மின்னூட்டமுள்ள காற்றடுக்கான அயனி மண்டலத்துக்கும் நடுவே மோதி மோதி வருவதால் இப்படிக் கேட்கிறது. அடங்கும் இடம் 1,700 ஹெர்ட்ஸ் என்றால், ஒளியின் வேகத்தை அதன் இரண்டு மடங்கால் வகுக்க, கூரையின் உயரம் 88 கிலோமீட்டர். பதிவை பென் டிரைவில் போட்டு இதோடு அனுப்புகிறேன். திரையில் பார்த்து ஒரு எண் எழுதி வைத்திருக்கிறேன், அதை உனக்குச் சொல்ல மாட்டேன். வயலினை மீட்டிப் பார்த்து எந்த இடத்தில் நிற்கிறது என்று எழுது.

உன் பழைய ரூம்மேட்